கீழ்க்கடற் புயலும் தென்காசித் திருத்தலமும்

தென்காசி கடற்கரையூர் அன்று. கிழக்கே தூத்துக்குடிக் கடலும், மேற்கே மலைத்தொடருக்கு அப்பால் கொல்லத்துக் கடலும் இங்கிருந்து ஏறக்குறைய நூறு கிலோமீட்டர்த் தொலைவில் உள்ளன. அங்ஙனமிருக்க, குடமுழுக்கு மலரொன்றில் புயலின் வரலாற்றை எழுதப் புகுந்தது ஏன் என்று அன்பர்கள் வினவலாம். கடலில் எழும் புயல் கரையோடு நின்றுவிடுவதில்லை. நெய்தலில் காற்றாய்ப் புகுவது குறிஞ்சியில் வெள்ளமாய் இறங்குகிறது. சிற்றாற்றின் கரையில் உலகம்மையுடன் எழுந்தருளியிருக்கும் காசி விசுவநாதப் பெருமானின் ஊரார் இதனைப் பன்முறை கண்டிருக்கின்றனர்.

இவ்வூர்க் காற்றுக்கு இரண்டு முகங்கள் உண்டு. ஒன்று யாவரும் விரும்பும் முகம். ஆனித் திங்களில் தென்மேற்குப் பருவக்காற்று ஆரியங்காவுக் கணவாய் வழியே நுழைந்து, மலையாள நாட்டு மழையில் ஒரு பங்கைச் சாரலாக நமக்குத் தூவுகிறது. குற்றாலத்தில் அருவி பெருகுவதும், வெளியூரார் வந்து குவிவதும் அப்பொழுதே. தென்காசி இராசகோபுர வாயிலில் நுழைவோர், முதலில் எதிர்க்காற்று தம்மைத் தள்ளுவதையும், சில அடி உள்ளே சென்றதும் அதே காற்று பின்னிருந்து உந்தி அழைத்துச் செல்வதையும் உணர்வர். மலைத்தென்றல் இறைவனைத் தரிசிக்க வழிகாட்டுகிறது என்று பெரியோர் கூறுவது வழக்கம்.

மற்றொரு முகம் ஐப்பசி, கார்த்திகை, மார்கழித் திங்கள்களில் தோன்றுவது. வங்கக் கடலில் தாழ்ந்த காற்றழுத்தம் உருவாகும்போது, காற்று அதனை இடஞ்சுழியாகச் சுற்றி வருகிறது. அச்சுழலின் நடுவிடம் மன்னார் வளைகுடாவிலோ குமரிக்கடலிலோ அமைந்துவிட்டால், அதற்கு வடபால் உள்ள நம் நாட்டில் கீழ்க்காற்று இடைவிடாது வீசும். கடலின் ஈரத்தைச் சுமந்து வரும் அக்காற்று பொதியமலையிலும் திரிகூடமலையிலும் மோதி மேலெழுந்து, குளிர்ந்து, கொண்டுவந்த நீரனைத்தையும் கிழக்குச் சரிவிலேயே கொட்டிவிடும். சாரலைத் தரும் அதே மலை புயற்காலத்தில் மதிலாய் நின்று மழையைத் தடுத்து நம் தலைமேல் இறக்குகிறது.

ஈழத்தீவு குறுக்கே கிடப்பதனாலும், பெரும்பாலான புயல்கள் வடக்கு நோக்கித் திரும்பி நாகப்பட்டினம், சென்னை, ஆந்திரக் கரைகளை நாடுவதனாலும், தென்பாண்டிக் கரையை நேரே தாக்குவன சிலவே. ஆயினும் கடலின் சீற்றம் பாண்டியர் நாட்டுக்குப் புதிதன்று. முற்சங்கங்களைக் கடல்கொண்ட செய்தி தமிழ் மரபில் ஆழப் பதிந்தது. வருணன் ஏவிய ஏழு மேகங்களைத் தடுக்கச் சொக்கநாதர் தம் சடையிலிருந்து நான்கு மேகங்களை விடுத்து, அவை நான்கு மாடங்களாய்க் கூடி மதுரையைக் காத்தன என்று திருவிளையாடற் புராணம் நான்மாடக்கூடலுக்குப் பொருள் கூறுகிறது. பெருமழைக்கு அஞ்சிய மக்களின் பழைய நினைவு அக்கதையில் இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. மேனாட்டு அறிஞர் இத்துறையில் பிற்பட்டே நுழைந்தனர். கல்கத்தாவில் வாழ்ந்த ஹென்றி பிட்டிங்டன் என்பார், பாம்பின் சுருளைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து ‘சைக்ளோன்’ என்ற பெயரை 1840-களில் ஆக்கினார். 1864-ஆம் ஆண்டில் அந்நகரைப் பெரும்புயல் அழித்தது. அதன்பின் 1875-இல் இந்திய வானிலைத்துறை நிறுவப்பெற்றது.

தென்காசியாரின் நெஞ்சைவிட்டு அகலாத புயல், தென்காசியைத் தாக்காத புயலே. அது 1964-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாள் இரவு தனுஷ்கோடியைக் கொண்டது. அந்தமானுக்கருகில் பிறந்து, ஈழத்தில் வவுனியாவைக் கடந்து, பாக்கு நீரிணையில் புகுந்த அப்புயலால் கடலலை இருபதடிக்கு மேல் எழுந்தது. பாம்பனிலிருந்து சென்ற புகைவண்டி தனுஷ்கோடியை அணுகும் வேளையில் நீருள் மூழ்கியது. அதிலிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோரில் ஒருவரும் மீளவில்லை. பாம்பன் பாலத்தின் இரும்புத் தூலங்களில் பெரும்பாலானவற்றைக் கடல் பெயர்த்தெறிந்தது. கப்பலுக்கு வழிவிடத் திறக்கும் நடுப்பகுதி தப்பி நின்றது. இளம் பொறியாளராயிருந்த ஈ. ஸ்ரீதரன் 46 நாட்களில் அப்பாலத்தைச் சீர்செய்தமை இன்றும் வியந்து பேசப்படுகிறது. ஊரோ மீளவில்லை. மக்கள் வாழத் தகாத இடமென அரசு அதனைக் கைவிட்டது. கோதண்டராமர் ஆலயம் மட்டும் அப்பகுதியில் அழியாது நின்றது.

காசிக்குச் சென்றவர் சேதுக்கடலில் நீராடினாலன்றி யாத்திரை நிறைவுறாது என்பது மரபு. காசியையே தெற்கே கொணர்ந்த ஊராருக்கு, அச்சேது முனையில் இருந்த ஊர் ஓரிரவில் மறைந்தது தம் வீட்டு இழவாகவே பட்டிருக்கும். பழைய பாலத்தின் அருகே எழுந்த புதிய பாம்பன் பாலம் 2025-ஆம் ஆண்டு ஏப்ரல் 6-ஆம் நாள் இராமநவமியன்று திறக்கப்பெற்றது. மறுநாளே தென்காசியில் குடமுழுக்கு நிகழ்ந்தது. யாரும் திட்டமிடாத பொருத்தம் இது. காசி, சேது என்னும் இரண்டையும் எண்ணும் அன்பருக்கு இனிக்கும்.

நம் மாவட்டத்து மலையை நேரே பதம் பார்த்தது 1992-ஆம் ஆண்டு நவம்பர்ப் புயல். 13-ஆம் நாள் தூத்துக்குடியருகே கரையேறிய அது மலையைத் தாண்டி அரபிக்கடலுக்குச் சென்றது. மாஞ்சோலைக்கு மேலுள்ள காக்காச்சியில் ஒரே நாளில் 965 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. அணைகள் நிரம்பி நீர் திறக்கப்பட, தாமிரபரணி இரு கரைகளையும் மீறியது. ஆற்றோர ஊர்களில் பல உயிர்கள் மாண்டன. அவ்வாண்டை இன்றும் முதியோர் ‘வெள்ளத்து வருசம்’ என்றே சுட்டக் காணலாம். 2017-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் குமரிமுனைக்குத் தெற்கே சென்ற ஒக்கிப் புயல் கடலோடிகள் பலரை உண்டது. வங்கமொழியில் ‘கண்’ எனப் பொருள்படும் பெயர் அதற்கு. நமக்கு அது மழையாகவும் அருவி வெள்ளமாகவும் வந்து போயிற்று.

ஆனால் எல்லாவற்றினும் கொடியது பெயரே இல்லாமல் வந்தது. 2023-ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 நாட்களில் குமரிக்கடலின்மேல் நின்ற ஒரு காற்றுச் சுழற்சி புயலென்ற தகுதிக்கு உயரவில்லை. எனினும் காயல்பட்டினத்தில் ஒரு நாளில் 95 சென்டிமீட்டரும், திருச்செந்தூரில் 69 சென்டிமீட்டரும் பெய்தது. திருவைகுண்டத்தில் இரயிலொன்று நூற்றுக்கணக்கான பயணிகளோடு வெள்ளத்திடையே நின்றது. புயற்சின்னம் ஏற்றப்பெற்றதா என்று துறைமுகத்தை நோக்கியிருக்கும் பழக்கம் நம்மவர்க்கு உண்டு. அச்சின்னம் காற்றின் வலிமையைக் கணக்கிட்டுச் சொல்வதன்றி மழையின் அளவைக் கூறாது. மலையடிவாரத்தில் வாழ்வோருக்கு மழையின் அளவே முதன்மையானது.

இனிக் கோயிலுக்கு வருவோம். பதினைந்தாம் நூற்றாண்டில் இத்திருக்கோயிலை எடுப்பித்த அரிகேசரி பராக்கிரம பாண்டியன், கட்டியதோடு அமையவில்லை. இக்கோயிலுக்குப் பிற்காலத்தில் வாராததொரு குறை வந்துவிட்டால், அதனை நீக்கிக் காப்பவர் எவராயினும் அவர் அடிகளைத் தான் பணிவதாகத் தமிழ்ப்பாட்டாகவே கல்லில் பொறித்துவைத்தான். முடிமன்னன் தான் பிறந்தறியாத காலத்து மனிதருக்குத் தலைவணங்குகிறான். அழியாதென்று எழுதுவதே அரசர் வழக்கம். இவனோ அழிவு வரக்கூடும் என்பதை அறிந்தே கட்டினான்.

அவன் அஞ்சியது நிகழ்ந்தது. ஒன்பது நிலைக் கோபுரம் பிளவுற்று, மேல்நிலைகள் அழிந்து, மொட்டைக் கோபுரமாய் நெடுங்காலம் நின்றது. வருணனும் வாயுவும் அப்பிளவின் வழியே விருப்பம்போல் புகுந்து புறப்பட்டனர். தேரோட்டத்தையும் திருக்கல்யாணத்தையும் அதன் நிழலிலேயே நம் முன்னோர் நடத்தினர். ஊரின் அடையாளமே அம்மொட்டைக் கோபுரம் என்னுமளவுக்கு அது பழகிப்போயிற்று. பழகிப்போனதே பெருங்குறை என்று சொல்லத் தோன்றுகிறது. டாக்டர் பா. சிவந்தி ஆதித்தனாரின் முயற்சியாலும் அடியார் பலரின் துணையாலும் புதிய கோபுரம் எழுந்து, 1990-ஆம் ஆண்டு குடமுழுக்குக் கண்டது. பாண்டியன் பணிந்தது இத்திருப்பணியாளர் அனைவரையுமே. கொத்தரையும் சிற்றாளையும் சேர்த்துத்தான்.

கோபுரம் மீண்டது. அருவியின் செய்தி வேறு. 2024-ஆம் ஆண்டு மே 17-ஆம் நாள் பழைய குற்றாலத்தில் திடீர்வெள்ளம் இறங்கி, நீராட வந்த பதினேழு வயதுச் சிறுவன் உயிரிழந்தான். அது புயற்காலமன்று, சாரற்காலமும் அன்று, கோடைமழையின் வெள்ளம். அவ்வாண்டு டிசம்பர் நடுப்பகுதியிலும் பேரருவி கட்டுக்கடங்காது பாய்ந்தது. அடிவாரத்தில் தூறல்கூட இல்லாத வேளையிலும் மேல்மலையில் பெய்த மழை சிறுபொழுதில் வந்துசேரும். நீர் கலங்கி மண்ணிறம் கொள்வதும், சருகும் சுள்ளியும் மிதந்து வருவதும் முன்னறிகுறிகள். கண்டவுடன் கரையேற வேண்டும், எண்ணெய் தேய்த்த தலையாயினும் சரி.

பேரருவியின் கீழே ஒரு பாதுகாப்பு வளைவு உண்டு. நீர் அவ்வளவைத் தாண்டி விழுமாயின் குளிக்கத் தடை விதிப்பர். தொலைவூரிலிருந்து துண்டும் எண்ணெயுமாய் வந்த அன்பர்கள் காவலரோடு வாதாடுவதும், ‘இவ்வளவு தூரம் வந்து குளிக்காமல் போவதா’ என்று மனம் புழுங்குவதும் அந்நாட்களில் காணும் காட்சி. அவர்களுக்கு ஒன்று சொல்லலாம். அருவிக்கு எட்டும் தொலைவிலேயே சங்கின் வடிவாய் அமைந்த குற்றாலநாதர் கோயில் இருக்கிறது. சற்றுத் தள்ளிச் சித்திரசபையும் இருக்கிறது. வளைவுக்கு மேல் நீர் விழும் நாளில் அருவியின் முழக்கம் சந்நிதிவரை கேட்கும். கால் அலம்பிக்கொண்டு உள்ளே போகலாம்.