மிக் பற்றவைப்பில் உலோகத் தெறிப்பு

உலோகத் தெறிப்பு என்பது மின்வில் பற்றவைப்பின்போது உருகிய கம்பியிலிருந்தும் உருகுகுட்டையிலிருந்தும் சிதறி, வேலைப்பொருளின் மீதும் டார்ச்சின் நாசிலின் மீதும் ஒட்டிக்கொள்ளும் சிறு உலோகத் துளிகளைக் குறிக்கும். பட்டறை வழக்கில் இது ஸ்பாட்டர் எனப்படுகிறது. மென் எஃகை மிக் முறையில் பற்றவைக்கும்போது தெறிப்பை முழுவதும் தவிர்ப்பது அரிது. எனினும் வளிமம், மின்னழுத்தம், கம்பி வேகம், பரப்பின் தூய்மை ஆகியவற்றைச் சரிவர அமைப்பதன் மூலம் அதனைப் பெருமளவு குறைக்க இயலும். சென்னையின் மேற்குப் புறநகர்ப் பகுதிகளான அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய இடங்களில் இயங்கும் சிறு பற்றவைப்புப் பட்டறைகளில் இது அன்றாடச் சிக்கல்களுள் ஒன்றாகும்.

பெயர்

மிக் என்பது உலோக மந்த வளிமப் பற்றவைப்பு என்னும் பொருள்தரும் ஆங்கிலப் பெயரின் சுருக்கமாகும். ஆர்கான், ஹீலியம் போன்ற மந்த வளிமங்களைப் பயன்படுத்தும்போது மட்டுமே இப்பெயர் முழுமையாகப் பொருந்தும். எஃகிற்குப் பயன்படும் கார்பன் டை ஆக்சைடும் அதன் கலவைகளும் மின்வில்லில் வினைபுரிபவை. ஆதலால் அம்முறையை மேக் என அழைப்பதே சரியாகும். எனினும் தமிழ்நாட்டுப் பட்டறைகளில் இரண்டுமே மிக் வெல்டிங் என்றோ சிஓ2 வெல்டிங் என்றோ வழங்கப்படுகின்றன.

வரலாறு

இம்முறை 1948 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பாட்டெல் நினைவு நிறுவனத்தில், அலுமினியம் போன்ற உலோகங்களைப் பற்றவைப்பதற்காக உருவாக்கப்பட்டது. மந்த வளிமங்களின் விலை கூடுதலாக இருந்தமையால் எஃகு வேலைகளுக்கு இது முதலில் பரவவில்லை. 1953 ஆம் ஆண்டில் சோவியத் ஒன்றியத்தின் லியுபாவ்ஸ்கி, நொவோஷிலவ் ஆகியோர் கார்பன் டை ஆக்சைடைக் காப்பு வளிமமாகப் பயன்படுத்தும் முறையை வெளியிட்டனர். இதனால் செலவு குறைந்தது; கூடவே தெறிப்பு மிகுந்தது. மலிவான வளிமம், மிகுதியான தெறிப்பு என்னும் இந்த இணைப்பு இன்றும் தொடர்கிறது.

தெறிப்பு உருவாகும் விதம்

கம்பியின் நுனியில் உருகும் உலோகம் உருகுகுட்டையை அடையும் விதத்தைப் பொறுத்துத் தெறிப்பின் அளவு மாறுபடும்.

* குறுக்குச்சுற்று மாற்றம்: கம்பி நொடிக்குச் சுமார் 20 முதல் 200 முறை உருகுகுட்டையைத் தொட்டு விலகும். தொடும் ஒவ்வொரு முறையும் மின்னோட்டம் சட்டென உயரும். உருகிய உலோகத்தின் கழுத்துப்பகுதி மெலிந்து, மின்காப்பு உருகி வெடிப்பதைப் போல அறுபடும். மின்னோட்டம் மிக விரைவாக உயர்ந்தால் இந்த வெடிப்பு வலுவடைந்து துளிகள் சிதறும். மெல்லிய தகடுகளுக்கு இதுவே ஏற்றது.
* பெருந்துளி மாற்றம்: கம்பியின் விட்டத்தை விடப் பெரிய துளிகள் உருவாகி ஒழுங்கின்றி விழும். கார்பன் டை ஆக்சைடு வளிமத்தில் மின்வில் குறுகி, துளியின் அடிப்பகுதியில் மட்டும் நிலைகொண்டு அதனை மேல்நோக்கித் தள்ளும். தெறிப்பு மிக அதிகமாக இருப்பது இந்நிலையிலேயே.
* தூவல் மாற்றம்: மிகச் சிறு துளிகள் கம்பியின் அச்சு வழியே சீராகப் பாயும். தெறிப்பு மிகக் குறைவு. இதற்கு ஆர்கான் சுமார் 80 விழுக்காடு அல்லது அதற்கு மேல் உள்ள கலவையும் உயர் மின்னோட்டமும் தேவை. தனி கார்பன் டை ஆக்சைடில் வழக்கமான தூவல் மாற்றம் கிடைப்பதில்லை.

இவை தவிர, உருகிய எஃகில் உள்ள கரிமமும் ஆக்சிசனும் சேர்ந்து உருவாகும் கார்பன் மோனாக்சைடு குமிழ்கள் வெடிப்பதாலும் தெறிப்பு ஏற்படும். கம்பியில் சேர்க்கப்படும் சிலிக்கானும் மாங்கனீசும் ஆக்சிசனைப் பிணைத்து இதனைக் குறைக்கின்றன. பரவலாகப் பயன்படும் இ.ஆர்.70எஸ்-6 வகைக் கம்பியில் மாங்கனீசு 1.40 முதல் 1.85 விழுக்காடும், சிலிக்கான் 0.80 முதல் 1.15 விழுக்காடும் இருக்கும்.

பொருளியல் விளைவு

செலுத்தப்படும் கம்பியில் இணைப்பில் படிவது தனி கார்பன் டை ஆக்சைடில் சுமார் 93 விழுக்காடு. 75 விழுக்காடு ஆர்கான் கலந்தால் சுமார் 96 விழுக்காடு. அதாவது 15 கிலோ கம்பிச் சுருளில் முதல் நிலையில் ஏறத்தாழ 1 கிலோவும், இரண்டாம் நிலையில் சுமார் 600 கிராமும் தெறிப்பாகவும் புகையாகவும் வீணாகின்றன.

கம்பியின் விலையை விடத் துப்புரவுக்கான உழைப்பே பெரிய செலவாகும். ஒட்டிய துளிகளை உளியால் தட்டியோ கிரைண்டரால் தேய்த்தோ அகற்ற வேண்டும். உருப்படிக் கணக்கில் கூலி பெறும் பட்டறைக்கு இந்நேரத்திற்குத் தனி ஊதியம் கிடைப்பதில்லை. மரைத்துளையில் ஒட்டிய ஒரே துளி, வாகன உதிரிப்பாகம் பொருத்தும் இடத்தில் திருப்பி அனுப்பப்படப் போதுமானது. அளவுக்கு மீறித் தேய்த்தால் இணைப்பின் ஓரம் மெலிந்து, அதிர்வுக்கு உள்ளாகும் பாகங்களில் விரிசல் தொடங்கவும் கூடும்.

குறைக்கும் முறைகள்

மின்னழுத்தமும் கம்பி வேகமும்

கம்பி வேகமே மின்னோட்டத்தைத் தீர்மானிக்கிறது. வேகத்திற்கு ஏற்ற மின்னழுத்தம் இல்லாவிடில் கம்பி உருகாமல் தகட்டில் முட்டித் துண்டாகிச் சிதறும். மின்னழுத்தம் மிகுந்தால் மின்வில் நீண்டு பெருந்துளிகள் உருவாகும். பன்னாட்டுத் தரமான ஐ.இ.சி. 60974, இவ்வகை இயந்திரங்களைச் சோதிப்பதற்கான மின்னழுத்தத்தை, மின்னோட்டத்தின் 0.05 மடங்குடன் 14 ஐக் கூட்டிக் கணக்கிடுகிறது. இதன்படி 100 ஆம்பியருக்கு 19 வோல்ட்டும், 160 ஆம்பியருக்கு 22 வோல்ட்டும் ஆகும். இதனைத் தொடக்க அளவாகக் கொண்டு, கழிவுத் தகட்டில் அரை வோல்ட்டு அளவில் மாற்றிச் சரிசெய்யலாம். ஆர்கான் கலவையில் குறுக்குச்சுற்று முறைக்கு இதைவிட ஓரிரு வோல்ட்டு குறைவாகவே தேவைப்படும். சரியான அமைப்பில் கடுகு பொரிவதை ஒத்த சீரான ஒலி எழும். விட்டுவிட்டு வெடிக்கும் ஒலி தெறிப்பின் அறிகுறியாகும்.

தூண்டல் அளவு

இயந்திரத்தில் தூண்டல் அளவை மாற்றும் வசதி இருப்பின் அதனைச் சற்றுக் கூட்டுதல் வேண்டும். குறுக்குச்சுற்றின்போது மின்னோட்டம் உயரும் வேகம் தணிந்து வெடிப்பு மென்மையாகும். அளவுக்கு மீறிக் கூட்டினால் மின்வில் தொடங்குவது கடினமாகும்.

காப்பு வளிமம்

கார்பன் டை ஆக்சைடுக்குப் பதிலாக 80 விழுக்காடு ஆர்கானும் 20 விழுக்காடு கார்பன் டை ஆக்சைடும் கொண்ட கலவையைப் பயன்படுத்தினால் தெறிப்பு வெளிப்படையாகக் குறையும். விலை கூடுதலான இக்கலவை இலாபமானதா என்பதை வளிமத்தின் விலையை மட்டும் ஒப்பிட்டு அறிய முடியாது. தேய்ப்பதற்கு ஆகும் கூலியையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். ஓட்ட வீதம் பொதுவாக நிமிடத்திற்கு 10 முதல் 15 லிட்டர் போதும். சிறு நாசிலில் 20 லிட்டருக்கு மேல் செலுத்தினால் ஓட்டம் சுழித்து வெளிக்காற்றை உள்ளிழுக்கும். கார்பன் டை ஆக்சைடு உருளையில் நீர்மம் ஆவியாகும்போது ரெகுலேட்டர் குளிர்ந்து உறையக்கூடும் என்பதால் அதற்கு ஹீட்டர் பொருத்துவர்.

பரப்பும் மின்சுற்றும்

துரு, எண்ணெய், வண்ணப்பூச்சு, உருட்டாலைச் செதில் ஆகியவற்றை இணைப்பின் இருபுறமும் தேய்த்து நீக்குதல் வேண்டும். துத்தநாகம் 907 பாகை செல்சியசில் கொதிப்பதால் நாகமுலாம் பூசிய தகட்டில் தெறிப்பு மிகும். எர்த் கிளாம்பைத் துருவற்ற பரப்பில் இறுகப் பொருத்துதல் வேண்டும். கம்பி நேர் முனையில் இணைக்கப்பட்டிருத்தல் அவசியம்.

டார்ச்சு

குறுக்குச்சுற்று முறையில் தொடுமுனைக்கு வெளியே நீளும் கம்பி சுமார் 10 மி.மீ. அளவில் இருத்தல் நன்று. டார்ச்சின் சாய்வு 15 பாகைக்கு மேற்படலாகாது. துளை தேய்ந்த தொடுமுனையும் அழுக்கடைந்த லைனரும் கம்பியைத் தடங்கலுடன் செலுத்தித் தெறிப்பை மிகுவிக்கும். நாசிலில் படியும் துளிகள் வளிம ஓட்டத்தைத் தடுப்பதால் மேலும் தெறிப்பு உண்டாகும். ஆகவே அதனை அடிக்கடி துப்புரவு செய்தல் வேண்டும்.

தெறிப்புத் தடுப்புப் பூச்சு

இப்பூச்சு தெறிப்பைக் குறைப்பதில்லை. துளிகள் ஒட்டுவதை மட்டுமே தடுக்கிறது. மெல்லியதாகப் பூசுதல் வேண்டும். மிகுதியாகப் பூசினால் இணைப்பில் நுண்துளைகள் தோன்றும். பின்னர் வண்ணம் பூசப்படும் பாகங்களில் சிலிக்கோன் கலந்தவற்றைத் தவிர்த்தல் வேண்டும்.

சென்னை மேற்குப் புறநகரில்

அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. பற்றவைப்புப் பொருட்களைத் தயாரிக்கும் ஈசாப் இந்தியா நிறுவனத்தின் பதிவு அலுவலகம் இங்குள்ளது. ஆவடியில் 1961 இல் நிறுவப்பட்ட கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து முதல் விஜயந்தா பீரங்கி வண்டி 1965 இல் வெளிவந்தது. பற்றவைப்பு ஆய்விற்கென 1975 இல் அமைக்கப்பட்ட நிறுவனம் திருச்சிராப்பள்ளியில் பெல் வளாகத்தில் இயங்குகிறது.

இப்பகுதியின் தட்பவெப்பமும் தெறிப்பைப் பாதிக்கிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், திறந்து வைக்கப்பட்ட கம்பிச் சுருள்களும் தகடுகளும் விரைவில் துருப்பிடிக்கும். வேலை முடிந்ததும் சுருளைக் கழற்றி உறையிலிட்டு உலர்ந்த இடத்தில் வைத்தல் நன்று.

கோடைக்காலத்தில் வெப்பம் 40 பாகையைத் தாண்டும்போது தகரக் கொட்டகைகளில் காற்றாடியை நிறுத்தி வேலை செய்வது இயலாது. ஆனால் காற்றின் வேகம் நொடிக்குச் சுமார் 2 மீட்டரைத் தாண்டினால் காப்பு வளிமம் விலகிவிடும். காற்றாடியை நிறுத்துவதற்குப் பதிலாக, வேலை மேசையைச் சுற்றி இணைப்பின் உயரத்திற்கு மேல் வரை தடுப்புத் திரை அமைப்பதும், கூரை வழியே வெப்பக் காற்றை வெளியேற்றுவதும் தொழிலாளருக்கும் இணைப்பிற்கும் ஏற்றவை.

ஒரே மின்மாற்றியிலிருந்து பல பட்டறைகள் மின்சாரம் பெறும் இடங்களில், படிநிலைச் சுவிட்சு கொண்ட பழைய இயந்திரங்கள் கூடுதல் கவனத்திற்குரியவை. உள்வரும் மின்னழுத்தம் 10 விழுக்காடு குறைந்தால் இவற்றின் வெளியீடும் அவ்வாறே குறையும். 20 வோல்ட்டில் 2 வோல்ட்டு இழப்பு, காலையில் சரியாக இருந்த அமைப்பை மாலையில் தெறிக்கச் செய்யப் போதுமானது. இன்வெர்ட்டர் வகை இயந்திரங்கள் இம்மாற்றத்தைப் பெருமளவு ஈடுசெய்கின்றன.

பாதுகாப்பு

தெறிப்புத் துளிகள் தோலில் தீக்காயத்தையும், துணி, அட்டை, எண்ணெய்க் கழிவு போன்றவற்றில் தீயையும் உண்டாக்கும். பற்றவைக்கும்போது முகமூடி அணிபவர்கள் தெறிப்பைத் தட்டும்போது அதனைக் கழற்றிவிடுவதுண்டு. கண்ணில் துகள் விழும் ஆபத்து அப்போதே மிகுதியாகையால், முகமூடிக்குக் கீழே நிறமற்ற பாதுகாப்புக் கண்ணாடியை எப்போதும் அணிந்திருத்தல் வேண்டும். குளோரின் கலந்த கரைப்பான்களால் துடைத்த பாகங்களை உலருமுன் பற்றவைத்தலாகாது. மின்வில்லின் புற ஊதாக் கதிர்களால் அவை பாஸ்ஜீன் என்னும் நச்சு வளிமமாக மாறக்கூடும். நாகமுலாம் பூசிய தகட்டின் புகை காய்ச்சலை உண்டாக்கும் என்பதால் காற்றோட்டம் அவசியம்.

இவற்றையும் பார்க்க

* பற்றவைப்பு
* மின்வில்
* ஆர்கான்
* அம்பத்தூர் தொழிற்பேட்டை