66 கூப்பனில் ஓர் ஆண்டு



பண்டிகைக்கு எடுக்கும் புதுத்துணியில் நமக்குக் குழப்பம் வருவதில்லை. குழப்பமெல்லாம் அன்றாடம் உடுத்தும் துணியில்தான். காலையில் நடக்கப் போக, கடைக்குப் போக, வீட்டுக்கு யாராவது வந்தால் சட்டென்று மாற்றிக்கொள்ள என்று பீரோ நிறையத் துணி வைத்திருப்போம். அதில் பாதி சாயம் போயிருக்கும், கொஞ்சம் இறுக்கமாகியிருக்கும். மீதி, தள்ளுபடியில் கிடைக்கிறதே என்று எடுத்து ஒருமுறைகூடப் போடாததாக இருக்கும். ஆனாலும் வெளியே கிளம்பும்போது "உடுத்த ஒன்றுமில்லை" என்போம். உடனே இன்னும் நான்கு வாங்குவோம்.

சரி, ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் கையில் பணம் இருக்கிறது. ஆனால் பணம் மட்டும் போதாது, ஓர் ஆண்டு முழுவதற்கும் உங்களுக்கு 66 கூப்பன்கள்தான் என்கிறது அரசு. சட்டை, செருப்பு, காலுறை, கைக்குட்டை எதை வாங்கினாலும் விலையோடு கூப்பனும் கொடுக்க வேண்டும். எதை வாங்குவீர்கள், எதை விடுவீர்கள்?

பிரிட்டனில் பிரபு முதல் பால்காரர் வரை எல்லோரும் இந்தக் கேள்வியோடு ஏறக்குறைய எட்டு ஆண்டுகள் வாழ்ந்தார்கள். அந்தக் கதையில் நம் வீட்டுச் செலவுக்கும், நம் குடியிருப்புக்கும் எடுத்துக்கொள்ளச் சில விஷயங்கள் இருக்கின்றன.

ஞாயிற்றுக்கிழமை வந்த அறிவிப்பு

1941 ஜூன் 1, ஞாயிற்றுக்கிழமை. வர்த்தக வாரியத்தின் தலைவர் ஆலிவர் லிட்டில்டன் வானொலியில் பேசினார். இனி துணிமணிக்கும் ரேஷன் என்றார். முன்கூட்டித் தெரிந்தால் மக்கள் கடைகளை மொய்த்துவிடுவார்கள் என்பதால், விஷயத்தை ரகசியமாக வைத்து, கடைகள் மூடியிருக்கும் நாளாகப் பார்த்து அறிவித்தார்கள். துணிக்கென்று தனிப் புத்தகம் அச்சடித்தாலும் ரகசியம் வெளியே போய்விடும். அதனால் உணவு ரேஷன் புத்தகத்தில் மிச்சமிருந்த மார்கரின் கூப்பன்களையே முதலில் துணிக்குப் பயன்படுத்தச் சொன்னார்கள்.

காரணம் போர். கம்பளியும் பருத்தியும் கப்பலில் வரவேண்டும், அந்தக் கப்பல்களோ உணவுக்கும் ஆயுதத்துக்கும் தேவைப்பட்டன. நாட்டு மக்களில் சுமார் நான்கில் ஒருவர் ஏதோ ஒரு சீருடை அணிபவராக இருந்தார், ஆலைகளுக்கு அந்த வேலையே மலையாகக் குவிந்திருந்தது. ஆலைத் தொழிலாளர்கள் வெடிமருந்துத் தொழிற்சாலைகளுக்குப் போக வேண்டியிருந்தது. பட்டு பாராசூட்டுக்குப் போனது. குறைந்த துணியே சந்தைக்கு வரும்போது அதை விலையின் போக்கில் விட்டால் பணமுள்ளவர் வீட்டுக்கே எல்லாம் போய்ச் சேரும். அதைத் தடுக்க வந்ததுதான் கூப்பன்.

கூப்பன் கணக்கு விலையைப் பார்க்கவில்லை. அந்த உடுப்புக்கு எவ்வளவு துணி, எவ்வளவு உழைப்பு என்பதைத்தான் பார்த்தது. கம்பளி கவுனுக்கு 11, பருத்தி கவுனுக்கு 7. ஆண்களின் கோட், வெயிஸ்ட்கோட், பேன்ட் சேர்ந்த முழு சூட்டுக்கு 26. கம்பளிச் சட்டைக்கு 8, பருத்திச் சட்டைக்கு 5. ஆண்களின் ஷூவுக்கு 7, பெண்களுடையதற்கு 5. ஒரு ஜோடி ஸ்டாக்கிங்ஸுக்கு 2. தொப்பிக்குக் கூப்பன் கிடையாது.

ஒரு குமாஸ்தா ஒரு சூட், ஒரு ஜோடி ஷூ, இரண்டு பருத்திச் சட்டை எடுத்தால் 43 கூப்பன் போய்விடும். உள்ளாடை, காலுறை, பைஜாமா எல்லாவற்றுக்கும் மிச்சம் 23. அடுத்த ஆண்டே ஒதுக்கீடு 48 ஆகக் குறைந்தது. அதே பட்டியலை வாங்கினால் கையில் நிற்பது 5. போர் முடிந்தும் நிலைமை சீராகவில்லை. 1945 செப்டம்பர் முதல் 1946 ஏப்ரல் வரையிலான எட்டு மாதங்களுக்குக் கிடைத்தது 24 மட்டுமே.

மலிவு எது, லாபம் எது?

இங்கே ஒரு சிக்கல் இருந்தது. எல்லோருக்கும் ஒரே எண்ணிக்கையில் கூப்பன் என்பது நியாயம் போலத் தெரியும். ஆனால் பணக்காரரின் அலமாரி ஏற்கெனவே நிரம்பியிருந்தது. தவிர, ஒரே 8 கூப்பனுக்கு அவர் பத்து ஆண்டு உழைக்கும் பேன்ட்டை வாங்குவார். ஏழைத் தொழிலாளி தன் சம்பளத்துக்கு ஏற்ப ஆறே மாதத்தில் முழங்கால் தேய்ந்துபோகும் பேன்ட்டை வாங்குவார். பிறகு அவரிடம் பேன்ட்டும் இருக்காது, கூப்பனும் இருக்காது. துணி வாங்கவே பணமில்லாத வீடுகளில் கூப்பனைக் கள்ளத்தனமாக விற்றுச் சோற்றுக்கு வழி பார்த்தவர்களும் உண்டு.

இதற்காக வந்ததுதான் 'யுட்டிலிட்டி' திட்டம். துணியின் தரத்தையும் உடுப்பின் விலையையும் அரசே நிர்ணயித்தது. அந்த உடுப்புகளில் சி.சி.41 என்ற முத்திரை இருக்கும். 1942 முதல் அவற்றுக்கு விற்பனை வரியும் இல்லை. அரசுத் துணி என்றால் சாக்குப் பை போல இருக்கும் என்று மக்கள் பயந்தார்கள். அந்தப் பயத்தைப் போக்க, லண்டனின் முன்னணி உடை வடிவமைப்பாளர்களிடமே மாதிரிகள் கேட்டு வாங்கினார்கள். நார்மன் ஹார்ட்னெல், ஹார்டி ஏமீஸ், டிக்பி மார்ட்டன் போன்றவர்கள் அதில் இருந்தார்கள். அரச குடும்பத்துக்கு உடை வடிவமைத்த ஹார்ட்னெல்லின் கை, கடைச் சிப்பந்திப் பெண் வாங்கக்கூடிய கவுனிலும் பட்டது. 1947-இல் இளவரசி எலிசபெத்தின் திருமண உடையை வடிவமைத்தவரும் இதே ஹார்ட்னெல்தான். அந்த உடைக்கும் கூப்பன் கொடுத்தார்கள். பிரியத்தோடு தங்கள் கூப்பன்களை அனுப்பிவைத்த பெண்களுக்கு அவற்றைத் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது, ஏனென்றால் ஒருவர் கூப்பனை இன்னொருவருக்குக் கொடுப்பது சட்டப்படி குற்றம்.

துணியை மிச்சம் பிடிக்க வேறு விதிகளும் வந்தன. பாக்கெட்டுக்கும் பொத்தானுக்கும் எண்ணிக்கை வரம்பு வந்தது. ஆண்களின் பேன்ட்டில் கால் மடிப்பு வைக்கத் தடை. மற்ற எதையும்விட இந்தக் கால் மடிப்புக்குத்தான் ஆண்கள் அதிகம் கொதித்தார்கள். வேண்டுமென்றே நீளமான பேன்ட் வாங்கி வீட்டில் மடித்துத் தைத்துக்கொண்டவர்களும் இருந்தார்கள். 1944-இல் அந்தத் தடை நீங்கியது.

இந்தப் பகுதியிலிருந்து நமக்கு ஒரு கேள்வி கிடைக்கிறது. கடையில் நாம் "என்ன விலை?" என்று கேட்கிறோம். அவர்கள் "எத்தனை நாள் வரும்?" என்று கேட்கக் கற்றுக்கொண்டார்கள். 300 ரூபாய்ச் சட்டை பத்துத் துவைப்பில் சுருங்கினால் ஒரு துவைப்புக்கு 30 ரூபாய். 900 ரூபாய்ச் சட்டை நூறு துவைப்பைத் தாங்கினால் ஒரு துவைப்புக்கு 9 ரூபாய். குறைந்த பணத்தில் உடுப்பைப் புதுப்பிக்க நினைப்பவருக்கு இந்தக் கணக்குதான் முதல் படி.

ஊசியும் நூலும்

1943-இல் அரசு ஒரு சிறு கையேட்டை வெளியிட்டது. அதன் பெயர் 'மேக் டூ அண்ட் மெண்ட்'. இருப்பதை வைத்துச் சமாளி, கிழிந்ததைச் சரிசெய் என்று பொருள். ஓட்டை பெரிதாகும் முன்பே இழை ஓட்டுவது, முழங்கை தேயும் முன்பே உள்பக்கம் ஒட்டுப் போடுவது, பழைய ஸ்வெட்டரைப் பிரித்து நூலைக் கழுவி மீண்டும் பின்னுவது, இரண்டு பழைய கவுன்களை வெட்டி ஒன்றாக்குவது, அப்பாவின் பேன்ட்டில் பையனுக்கு டிராயர் தைப்பது, பூச்சி அரிக்காமல் துணியைக் காப்பது என்று எல்லாம் அதில் வந்தன. ஊர் ஊராகத் தையல் வகுப்புகள் நடந்தன. விமானத் தாக்குதலுக்குப் பயந்து ஜன்னலை மறைக்க விற்ற கறுப்புத் துணிக்குக் கூப்பன் இல்லை என்பதால் அதிலும் உடை தைத்துக்கொண்டார்கள்.

இதையெல்லாம் படிக்கும்போது, "இதில் என்ன புதுமை? காலர் தேய்ந்தால் திருப்பித் தைத்துப் போட்டவர்கள்தானே நாம்" என்று நம் மூத்த குடியிருப்போர் சிரிப்பார்கள். பிரிட்டனிலும் அப்படிச் சிரித்தவர்கள் இருந்தார்கள். ஏழை வீட்டுப் பெண்களுக்கு ஒட்டுப் போடுவதை அரசு வந்து சொல்லித்தர வேண்டியதில்லை. வெட்டித் தைக்க அவர்கள் வீட்டில் பழைய சூட்டும் இல்லை, வேலை முடிந்து வந்தபின் தைக்க நேரமும் இல்லை. 1941 டிசம்பரில் வந்த சட்டம் 20 முதல் 30 வயது வரையிலான மணமாகாத பெண்களைக் கட்டாயப் பணிக்கு அழைத்தது. பகலில் தொழிற்சாலை, மாலையில் ரேஷன் வரிசை, இரவில் ஊசி நூல் என்று சுமை பெண்கள் தோளிலேயே ஏறியது. சிக்கனம் என்று நாம் பாராட்டுவது பல வீடுகளில் ஒருவருடைய தூக்கத்தை எடுத்துக்கொண்டுதான் நடந்தது. ஆகவே நம் வீட்டிலும் பொத்தான் தைப்பதை எல்லோரும் கற்றுக்கொள்வது நல்லது.

அதே ஆண்டுகளில் நம் நாட்டில்

அதே 1943-இல், அதே ஆட்சியின் கீழிருந்த இந்தியாவில் என்ன நடந்தது என்று நீங்கள் கேட்கலாம். நம் ஆலைகள் போர்ப்படைக்குத் துணி நெய்தன. சந்தையில் துணி விலை போருக்கு முன்பிருந்ததைவிடப் பல மடங்கு ஏறியது. அந்த ஆண்டில்தான் பருத்தித் துணிக்கும் நூலுக்கும் கட்டுப்பாட்டு ஆணை வந்து, விலைக்கு உச்சவரம்பு வைத்தார்கள். ஏழைகளுக்கென்று மலிவு விலையில் 'ஸ்டாண்டர்டு துணி' என்ற திட்டமும் வந்தது. ஆனால் பஞ்சத்தில் சிக்கிய வங்காளத்தில் சோற்றுக்கு மட்டுமல்ல, துணிக்கும் பஞ்சம். மாற்றுச் சேலை இல்லாமல் வீட்டைவிட்டு வெளியே வர முடியாத பெண்கள் இருந்தார்கள். போர் அங்கும் இங்கும் ஒன்றுதான், துணித் தட்டுப்பாடும் இரண்டு இடத்திலும் இருந்தது. அங்கே ஆளுக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே பங்கிட்டார்கள். இங்கே கட்டுப்பாடு வருவதற்குள் இல்லாதவர் உடம்பில் இருந்ததும் கந்தலாகிவிட்டது. 66 கூப்பன் கஷ்டம்தான், ஆனால் அந்தக் கூப்பன்கூட இல்லாதவர்களின் கஷ்டம் எழுத்தில் அடங்காது.

குழந்தைத் துணி பரிமாற்றம்

கடைசியாக, நம் குடியிருப்புக்கு நேரடியாக உதவக்கூடிய ஒன்று. வளரும் குழந்தைக்கு எத்தனை கூப்பன் கொடுத்தாலும் போதாது. ஆறு மாதத்தில் சட்டை குட்டையாகிவிடும், ஆனால் கிழிந்திருக்காது. இதற்கு வழி கண்டது டபிள்யூ.வி.எஸ். என்ற பெண்கள் தன்னார்வ அமைப்பு. ஊர்தோறும் குழந்தைத் துணிப் பரிமாற்ற நிலையங்களைத் திறந்தார்கள். தாய் தன் குழந்தைக்குச் சிறியதாகிவிட்ட கோட்டை, துவைத்துச் சுத்தமாகக் கொண்டுவந்து கொடுப்பார். அதற்குப் புள்ளிகள் தருவார்கள். அந்தப் புள்ளிகளுக்கு அடுத்த அளவில் வேறொன்றை எடுத்துக்கொள்ளலாம். கூப்பன் தேவையில்லை. தானம் வாங்குகிறோம் என்ற கூச்சமும் இல்லை, ஏனென்றால் எல்லோரும் கொடுத்துவிட்டுத்தான் எடுத்தார்கள். இந்த ஏற்பாட்டின் சிறப்பே அதுதான்.

1949 மார்ச் 15-இல் துணி ரேஷன் முடிந்தது. கூப்பன் புத்தகங்களைக் குப்பையில் போட்டார்கள். அதில் யாருக்கும் வருத்தமில்லை, அந்தக் காலம் திரும்பவும் வரவேண்டும் என்று நாமும் ஆசைப்பட வேண்டியதில்லை. ஆனால் அவர்கள் கட்டாயத்தால் செய்த மூன்றை நாம் விருப்பத்தோடு செய்யலாம்.

ஒன்று, வாங்கும் முன் எண்ணிப் பாருங்கள். பீரோவில் உள்ளதை ஒருமுறை கட்டிலில் எடுத்துப் போட்டு, கடந்த ஓராண்டில் போட்டது, போடாதது என்று இரண்டாகப் பிரியுங்கள். உண்மையில் என்ன குறைகிறது என்று அப்போதுதான் தெரியும். பெரும்பாலும் அது இரண்டு மூன்று உருப்படிகளைத் தாண்டாது.

இரண்டு, பொத்தான், ஜிப், தையல் விட்டது, நீளம் கூடியது ஆகியவற்றைத் தனியே எடுத்து வையுங்கள். நம் தெரு ஆல்டரேஷன் தையற்காரரிடம் ஒரே தடவையில் கொடுத்தால் புதுச் சட்டை ஒன்றின் விலையில் பல துணிகள் திரும்பவும் உடுத்தக் கிடைக்கும். அவருக்கும் வேலை கிடைக்கும்.

மூன்று, குழந்தைகளின் துணி. பள்ளிச் சீருடை, மழைக்கோட்டு, விளையாட்டு ஷூ இவையெல்லாம் ஒரு வீட்டில் சிறியதாகிக் கிடக்க, பக்கத்து பிளாக்கில் அதே அளவைக் கடையில் தேடிக்கொண்டிருப்பார்கள். பள்ளி திறக்கும் முன் ஒரு ஞாயிறு காலை, சங்கக் கூடத்தில் நான்கு மேஜை போட்டு, கொடுத்துவிட்டு எடுக்கும் அந்தப் புள்ளி முறையை நாமும் நடத்திப் பார்க்கலாம். நம் வீடுகளில் வேலை செய்வோர், காவலர்கள், துப்புரவுப் பணியாளர்கள் ஆகியோரின் குடும்பங்களும் அதே மேஜைக்கு, அதே முறையில் வரவேண்டும். மிச்சத்தை அவர்களுக்குத் தள்ளிவிடுவதாக அது ஆகிவிடக் கூடாது.

அடுத்த பொதுக்குழுவில் இதைப் பேச எடுத்துக்கொள்ளும்படி சங்கத்தைக் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் கருத்தையும் அங்கே வந்து சொல்லுங்கள். வரும்போது அலமாரியில் தூங்கும் குழந்தைச் சட்டைகளை அளவு வாரியாக எண்ணி ஒரு தாளில் குறித்து எடுத்து வந்தால், எத்தனை மேஜை வேண்டும் என்று அப்போதே முடிவு செய்துவிடலாம்.