கம்பியும் காற்றும்: வீட்டு இணைய இணைப்பின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

ஒரு வீட்டில் இணைய இணைப்பை ஏற்படுத்துதல் இன்று அரைமணி நேர வேலையாகும். சுவரிலிருந்து வரும் கம்பியைச் சிறு பெட்டியொன்றிற் பொருத்தி, மின்னைக் கொடுத்து, பெட்டியின் அடியில் அச்சிடப்பட்டுள்ள கடவுச்சொல்லைக் கைப்பேசியில் இட்டதும் வேலை முடிந்துவிடுகின்றது. விளக்குகள் பச்சையாக ஒளிர்ந்ததும் வீட்டார் அப்பெட்டியை மறந்துவிடுகின்றனர். ஆயினும் வரலாற்றை ஆராய்வோர்க்கு அது மறக்கத்தக்க பொருளன்று. வேறு தேவைக்காக இடப்பட்ட கம்பியும், எவரும் விரும்பாது ஒதுக்கிய வானொலி மீடிறனும் அதனுள்ளே ஒன்றுசேர்ந்துள்ளன. அவை எவ்வாறு சேர்ந்தன, அதனாற் பயன் பெற்றோர் யாவர், விடுபட்டோர் யாவர் என்பனவற்றை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

குரலுக்கென இடப்பட்ட கம்பி

அலெக்சாந்தர் கிரகம் பெல் 1876 இல் தொலைபேசிக்கு ஆக்கவுரிமை பெற்றார். அதன்பின் உலகெங்கும் வளர்ந்த தொலைபேசி வலையமைப்பு மனிதக் குரலுக்கெனவே அமைந்தது. செக்கனுக்கு ஏறத்தாழ 300 தொடக்கம் 3400 வரையான அதிர்வுகளே அதனூடு செல்ல இடமளிக்கப்பட்டன. கணினியின் குறிகள் இவ்வழியிற் செல்லவேண்டுமாயின் அவை ஒலியாக மாறுதல் வேண்டும். மறுமுனையில் அவ்வொலி மீண்டும் குறியாதல் வேண்டும். இவ்விரு தொழிலையும் செய்யும் கருவியே மோடம் எனப் பெயர் பெற்றது. 1962 இல் அமெரிக்காவின் ஏரீஅன்ட்ரீ நிறுவனம் வெளியிட்ட பெல் 103 என்னும் மோடம் செக்கனுக்கு 300 பிட் வேகத்தில் இயங்கியது. அஃதாவது, செக்கனுக்கு முப்பது எழுத்துக்கள் அளவே அதனால் அனுப்பமுடிந்தது.

இக்காலத்தில் எழுந்த பெருந்தடை தொழினுட்பத் தடையன்று, உரிமைத் தடையாகும். தனது வலையமைப்பிற் பிறருடைய கருவி எதனையும் பொருத்தலாகாது என அந்நிறுவனம் விதித்திருந்தது. ஆகவே தொலைபேசியின் கைபிடியை இரு இறப்பர்க் குழிகளில் வைத்து, கம்பியைத் தொடாமல் ஒலியாலேயே செய்தியைப் புகுத்தும் உபாயம் கைக்கொள்ளப்பட்டது. 1968 இல் காட்டர்போன் வழக்கில் அமெரிக்கத் தொடர்பாடல் ஆணைக்குழு வழங்கிய தீர்ப்பே இக்கதவைத் திறந்தது. வலையமைப்புக்குத் தீங்கு விளையாதவரை பிறர் கருவிகளையும் பொருத்தலாம் என அது கூறிற்று. 1981 இல் வெளிவந்த ஹேய்ஸ் ஸ்மார்ட்மோடம் போன்ற வீட்டுக் கருவிகள் இத்தீர்ப்பின் வழித்தோன்றல்களே எனலாம்.

1998 அளவில் குரல்வழி மோடத்தின் வேகம் செக்கனுக்கு 56,000 பிட் என்னும் எல்லையை எட்டி நின்றது. ஆனால் அவ்வெல்லை செப்புக் கம்பியின் எல்லையன்று. குரலுக்கென அமைந்த தொலைபேசி நிலையத்தின் எல்லையேயாகும். வீட்டுக்கும் நிலையத்துக்கும் இடைப்பட்ட கம்பி அதனினும் மிகவுயர்ந்த மீடிறன்களைத் தாங்கவல்லது. 1980களின் பிற்பகுதியில் பெல்கோர் ஆய்வகத்தைச் சேர்ந்த ஜோசப் லெக்லைடர், வீட்டை நோக்கி வரும் செய்திக்குப் பெரும்பங்கும் வீட்டிலிருந்து செல்லும் செய்திக்குச் சிறுபங்கும் ஒதுக்கினால், ஒரே வடத்திலுள்ள கம்பிகள் ஒன்றையொன்று குழப்புவது குறையும் என எடுத்துக்காட்டினார். ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்தின் ஜோன் சியோபி, கம்பியின் கொள்ளளவை 256 சிறு வழிகளாகப் பிரித்து, இரைச்சல் மிகுந்த வழியிற் குறைவாகவும் தெளிந்த வழியில் மிகையாகவும் செய்தியை ஏற்றும் முறையை வளர்த்தார். ஏடீஎஸ்எல் என வழங்கும் முறை இவ்வாறு பிறந்தது. குரல் கீழ்மீடிறனிலும் இணையம் மேல்மீடிறனிலும் செல்வதாலேயே, இம்முறையில் தொலைபேசிக்கு முன்னாற் சிறு வடிகட்டியொன்று பொருத்தப்பட்டது.

இம்முறைக்கு முதலிற் கருதப்பட்ட பயன் இணையமன்று; தொலைபேசிக் கம்பியூடாக வீடுகளுக்குத் திரைப்படம் அனுப்புதலாகும். 1999 இல் நிறுவப்பட்ட சர்வதேச நியமத்தின்படி உள்வரும் வேகம் செக்கனுக்கு 80 இலட்சம் பிட் வரை உயர்ந்தபோதும், வெளிச்செல்லும் வேகம் 10 இலட்சம் பிட் அளவினதாகவே இருந்தது. வீடு பெறுவதற்கேயுரியது, அளிப்பதற்குரியதன்று என்னும் எண்ணம் இவ்வாறு கம்பியிலேயே பதிந்துவிட்டது.

எவரும் விரும்பாத காற்று

வீட்டின் மறுபாதிக் கதை ஹவாய்த் தீவுகளில் தொடங்குகின்றது. ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் வளாகங்கள் பல தீவுகளிற் சிதறிக் கிடந்தன. தொலைபேசிக் கம்பிகளோ செலவு மிக்கனவாகவும் நம்பத்தகாதனவாகவும் இருந்தன. இந்நிலையில் பேராசிரியர் நோமன் ஏப்ரம்சனும் அவருடன் பணியாற்றியோரும் 1971 இல் அலோகா என்னும் வானொலி வலையமைப்பை இயக்கினர். யாவரும் ஒரே அலையைப் பகிர்ந்துகொண்டனர். செய்தி உள்ளவர் உடனே அனுப்புவார். இரு செய்திகள் மோதிக்கெட்டால், ஒவ்வொருவரும் தற்செயலான சிறுபொழுது காத்திருந்து மீண்டும் அனுப்புவர். இம்முறையில் அலையின் கொள்ளளவில் 18 சதவீதமளவே பயன்பட்டது. எனினும் முறைவகுத்துக் கொடுக்கும் தலைமை எதுவுமின்றியே பலர் ஓர் ஊடகத்தைப் பகிரலாம் என்னும் உண்மை நிலைநாட்டப்பட்டது. 1973 இல் ரொபேட் மெற்காப் இக்கருத்தைத் திருத்தி ஈதர்நெற் முறையை அமைத்தார். முதலிற் செவிமடுத்து, பின் பேசி, மோதல் நேரின் காத்திருக்கும் அவ்வொழுக்கம் வைபையிலும் தொடர்ந்தது.

அலைக்கு அனுமதி வேண்டியிருந்தமை அடுத்த தடையாகும். 1985 இல் அமெரிக்க ஆணைக்குழு, மைக்கேல் மார்க்கஸ் என்னும் அலுவலரின் முயற்சியால், 2.4 கிகாஹேர்ட்ஸ் உள்ளிட்ட சில மீடிறன்களை உத்தரவுப்பத்திரமின்றி எவரும் தொடர்பாடலுக்குப் பயன்படுத்த இடமளித்தது. நுண்ணலை அடுப்புகளின் இரைச்சல் நிறைந்திருந்தமையால் அவை பயனற்றவை எனக் கருதப்பட்டிருந்தன. இவ்வாய்ப்பை முதலிற் பற்றியோருள், கடைகளின் காசுப் பொறிகளைக் கம்பியின்றி இணைக்க விரும்பிய என்சீஆர் நிறுவனத்தின் நெதர்லாந்துப் பிரிவு குறிப்பிடத்தக்கது. அதனைச் சேர்ந்த விக் ஹேய்ஸ் தலைமையில் 1990 இற் கூடிய குழு, ஏழாண்டு விவாதத்தின் பின் 1997 இல் முதல் நியமத்தை வெளியிட்டது. வைபை என்னும் பெயர் 1999 இல் வணிக நோக்கிற் சூட்டப்பட்டதாகும்.

சுவர்களிற் பட்டுத் திரும்பும் எதிரொலிகள் செய்தியைக் குழப்பிய இடர்ப்பாட்டுக்கு அவுஸ்திரேலிய அரச ஆய்வு நிறுவனத்தினர் தீர்வொன்று கண்டனர். அவர்களுள் ஜோன் ஓசலிவன் வானொலி வானியலாளர். வெடிக்கும் சிறு கருந்துளைகளின் அலைகளைத் தேடி அவர் அடையாத வெற்றி, அத்தேடலில் வளர்ந்த கணித அறிவால் வேறோரிடத்திற் கிடைத்தது. அவ்வாக்கவுரிமை பற்றிய வழக்குகள் 2009 இலும் 2012 இலும் இணக்கத்தில் முடிந்தபோது, அந்நிறுவனம் 40 கோடி அவுஸ்திரேலிய டொலருக்கு மேற்பட்ட தொகையைப் பெற்றது.

பூட்டு

காற்று யாவர்க்கும் பொதுவாதலின் பூட்டு இன்றியமையாததாயிற்று. 1997 ஆம் ஆண்டு நியமத்துடன் வந்த வெப் என்னும் பூட்டு எளிதில் உடையத்தக்கது என்பதை 2001 இல் புளூரர், மான்டின், சமீர் ஆகிய மூவர் நிறுவினர். 2004 இலேயே உறுதியான மாற்று முறை நியமமாயிற்று. பெட்டியின் அடியில் அச்சிடப்படும் கடவுச்சொல் இத்தோல்வியினின்று கற்ற பாடமாகும்.

விடுபட்டோர்

இதுகாறும் கூறியவற்றால் ஓர் உண்மை புலப்படும். இவ்விணைப்பு ஒரு மேதையின் கண்டுபிடிப்பன்று. 1968 ஆம் ஆண்டுத் தீர்ப்பும் 1985 ஆம் ஆண்டு அனுமதியும் பொதுநலன் கருதிய முடிவுகள். அலோகாவும் அவுஸ்திரேலிய ஆய்வும் பொதுப்பணத்தால் வளர்ந்தவை. கதவு திறக்கப்பட்ட பின்னரே வணிகம் உள்ளே புகுந்தது.

ஆயினும் பழைய கம்பியின் மீது எழுந்த வசதி பழைய ஏற்றத்தாழ்வையும் உடன்கொண்டு வந்தது. தொலைபேசி நிலையத்திலிருந்து ஏறத்தாழ 5 கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள வீட்டுக்கு ஏடீஎஸ்எல் எட்டவில்லை. நகரத்தான் எஞ்சிய கம்பியைப் பயன்படுத்தினான். கம்பியே காணாத கிராமத்தானுக்கு எஞ்சியது எதுவுமில்லை. 2020 இற் கொள்ளைநோய் காரணமாக இலங்கைப் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டு விரிவுரைகள் இணையவழி நடைபெற்றபோது இவ்வுண்மை வெளிப்பட்டது. ஒருசாரார் அறையிலிருந்து விரிவுரை கேட்டனர். மறுசாரார் அலை தேடிக் குன்றிலும் மரத்திலும் ஏறினர்.

இன்று கண்ணாடியிழை பல இடங்களிற் செப்பின் இடத்தைப் பிடித்துவருகின்றது. அது எஞ்சிய கம்பியன்று. புதிதாக இடப்படும் கம்பி. ஆதலால் அது முதலில் எவ்வூரை நோக்கிச் செல்லவேண்டும் என்பது பழைமையின் மீது பழிபோட்டுத் தப்பக்கூடிய வினாவன்று. கம்பியில்லாத தீவுகளுக்காகச் சிந்தித்த ஒரு பல்கலைக்கழகமே காற்றின் வழியை உலகுக்குக் காட்டியது என்பதனை, அவ்வினாவுக்கு விடையளிப்போர் நினைவிற்கொள்ளுதல் தகும்.