தாலிக்குச் சாட்சி கேட்ட சட்டம்

திருகோணமலைத் துறைமுகத்தின் வரலாற்றை எழுதியோர் பலர். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் அதன் பொருட்டுப் பொருத கதைகளில் கப்பல்களின் பெயர்கள் உண்டு. தளபதிகளின் பெயர்களும் உண்டு. அக் கப்பல்களுக்குச் சுமை தூக்கியவர்களின் பெயர்களும், அவற்றின் அடிப்பாகத்தைச் சுரண்டி வர்ணம் பூசியவர்களின் பெயர்களும் அங்கே இல்லை. வரலாற்று நூலில் பெயர் இல்லாமற் போனதால் அம் மக்களுக்கு நேர்ந்த குறை சிறிது. அரசாங்க இடாப்பில் பெயர் இல்லாமற் போனதால் நேர்ந்த குறையோ பெரிது. அது தலைமுறைகளைத் தாண்டி நீண்டது.

இவ் விடயத்தை நாம் ஒரு சிறு கேள்வியின் வழியாக ஆராய விரும்புகிறோம். ஓர் ஆணும் ஒரு பெண்ணும் கணவன் மனைவியர் என்பதற்கு அத்தாட்சி யாது? ஊராருக்கு இது ஒரு கேள்வியே அன்று. கூறையும் தாலியும் கண்டவர்கள் இருக்கிறார்கள், ஒரே அடுப்பில் உலை வைத்த ஆண்டுகள் இருக்கின்றன, பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனால் அரசு கேட்கும்போது இதே கேள்வி ஒரு குடும்பத்தின் தலைவிதியைத் தீர்மானிக்கும் கேள்வியாகி விடுகிறது.

நீதிமன்றம் நம்பியது

இலங்கையின் பொதுச் சட்டம் இக் கேள்விக்கு ஒரு காலத்தில் மிக இயல்பான விடையை அளித்திருந்தது. 1881ஆம் ஆண்டில் இலண்டன் பிரிவிக் கவுன்சில், இலங்கைத் தமிழர் சம்பந்தமான ஆறுமுகரி எதிர் வைகாலி என்னும் வழக்கிலே தீர்ப்பு வழங்கியது. ஆங்கில ஏடுகளில் உருமாறிக் கிடக்கும் அப் பெயர்களைத் தமிழில் இவ்வாறுதான் ஊகிக்க முடிகிறது. தீர்ப்பின் சாரமோ தெளிவானது. ஓர் ஆணும் ஒரு பெண்ணும் கணவன் மனைவியராக வாழ்ந்தமை நிரூபிக்கப்படின், அவர்கள் முறையான விவாகத்தின் பயனாகவே அவ்வாறு வாழ்ந்தனர் எனச் சட்டம் அனுமானிக்கும். அல்லவென்று கூறுபவனே அதைத் தெளிவாக நிரூபித்தல் வேண்டும்.

இத் தீர்ப்பின் மனிதத் தன்மையை நாம் கவனித்தல் வேண்டும். இந் நாட்டில் பிறப்பு இறப்புப் பதிவு 1867ஆம் ஆண்டளவிலேதான் ஒழுங்காகத் தொடங்கியது. பின்னர் வந்த 1907ஆம் ஆண்டு விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டமும், பதிவை விவாகத்தின் மிகச் சிறந்த சாட்சியம் என்று கொண்டதேயன்றி, பதியாத வழக்காற்று விவாகத்தைச் செல்லாக் காசு ஆக்கவில்லை. 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டமும் பதியப்படாமை ஒன்றினாலேயே விவாகம் செல்லாததாகாது என்றது. மூதூரிலும் கிண்ணியாவிலும் நிக்காஹ் நடந்த வீடுகளுக்கும், துறைமுகத்தை அடுத்த குடியிருப்புகளில் தாலி ஏறிய வீடுகளுக்கும் சட்டம் ஒரே சலுகையை அளித்தது. அது, வாழ்ந்த வாழ்க்கையை நம்புதல்.

கந்தோர் நம்ப மறுத்தது

1948இல் நாடு சுதந்திரம் பெற்றது. அதே ஆண்டு நிறைவேறி நவம்பர் 15இல் நடைமுறைக்கு வந்த பிரசாவுரிமைச் சட்டம், இந்நாட்டிற் பிறந்தமை மட்டும் போதாது என்றது. தந்தை இங்கே பிறந்திருத்தல் வேண்டும். அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருத்தல் வேண்டும். விவாகத்துக்குப் புறம்பே பிறந்த பிள்ளைக்குத் தந்தையின் இடத்தில் தாய் வைத்து எண்ணப்பட்டாள். ஆகவே பெற்றோரின் விவாகம் மெய்யா பொய்யா என்பது பிள்ளையின் நாடு எது என்னும் வினாவோடு பிணைக்கப்பட்டது.

அடுத்து வந்தது 1949ஆம் ஆண்டு இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் பிரசாவுரிமைச் சட்டம். தோட்டத் தொழிலாளரைப் பற்றியது என்றே இதனைப் பலரும் நினைக்கின்றனர். துறைமுகங்களிலும் நகரசபைகளிலும் கடற்படைத் தளத்திலும் உழைத்த தமிழரும் மலையாளிகளும் இதே வலையில்தான் அகப்பட்டனர். விண்ணப்பிக்க இரண்டாண்டு அவகாசம்; 1951 ஆகஸ்ட் 5ஆம் நாளோடு கதவு அடைபட்டது.

இச் சட்டத்தின் நிபந்தனைகளை வாசகர் சற்றுப் பொறுமையோடு நோக்குதல் வேண்டும். விண்ணப்பகாரர் மணமானவராயின், 1946 சனவரி 1ஆம் நாளுக்கு முந்திய ஏழாண்டுகள் இடையறாது இலங்கையில் வதிந்திருத்தல் வேண்டும். மணமாகாதவராயின் பத்தாண்டுகள். ஒரே தடவையில் பன்னிரண்டு மாதங்களுக்கு மேற்படும் பிரிவு வதிவை அறுத்து விடும். மணமானவரின் மனைவி, மணமான நாளிலிருந்து ஓராண்டு நிறைவதற்குள் இலங்கையில் வதியத் தொடங்கி, விண்ணப்ப நாள் வரை இடையறாது வதிந்திருத்தல் வேண்டும். வயதுக்கு வராத ஒவ்வொரு பிள்ளையும் தனது முதலாவது ஆண்டு நிறைவுக்குள் இங்கே வதியத் தொடங்கியிருத்தல் வேண்டும்.

துறைமுகக் குடும்பம் ஒன்று

இந் நிபந்தனைகள் எவ்வாறு வேலை செய்தன என்பதை விளக்க, ஒரு குடும்பத்தை நாம் கற்பனை செய்து கொள்வோம். குடும்பம் கற்பனை, அதைச் சூழ்ந்த நிகழ்ச்சிகள் வரலாறு.

இராமநாதபுரத்திலிருந்து 1936ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் ஒருவர் திருகோணமலைக்கு வந்து கடற்படைத் தளத்திற் கூலியாக அமர்கிறார். 1940இல் மலையகத் தோட்டமொன்றிலிருந்து வந்த குடும்பத்துப் பெண்ணை நகரத்துக் கோயிலொன்றில் மணக்கிறார். ஐயர் இருந்தார், உறவினர் இருந்தனர், விவாகப் பதிவாளர் இருக்கவில்லை. 1942 ஏப்ரில் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் திருகோணமலையிற் குண்டு வீசுகின்றன. அன்றுதான் கிழக்குக் கடலில் ‘ஹேர்மிஸ்’ என்னும் விமானந்தாங்கிக் கப்பலும் மூழ்கடிக்கப்பட்டது. நகரம் அஞ்சி வெறிச்சோடுகிறது. கருவுற்றிருந்த மனைவியை அவர் தம் தாயிடம் அனுப்பி வைக்கிறார். தளத்து வேலையை விட முடியாமையால் தாம் தங்கி விடுகிறார். செப்டெம்பரில் இராமநாதபுரத்திற் பிள்ளை பிறக்கிறது. போர்க்காலத்துப் பயண நெருக்கடிகளைத் தாண்டித் தாயும் பிள்ளையும் திரும்பி வரப் பதினெட்டு மாதங்கள் ஆகின்றன.

இனி இவருடைய விண்ணப்பத்தைச் சட்டத்தின் தராசில் இட்டுப் பார்ப்போம். விவாகப் பதிவுப் பத்திரம் இல்லாமையால் இவர் மணமாகாதவர் என்று கொள்ளப்படின், பத்தாண்டு வேண்டும். ஆறு மாதக் குறைவினால் இவர் விழுகிறார். மணமானவர் என்று நிறுவி விட்டாலோ ஏழாண்டு போதும். ஆனால் மனைவி பதினெட்டு மாதம் பிரிந்திருந்தாள், பிள்ளை ஆண்டு நிறைவுக்குள் வந்து சேரவில்லை. ஆதலால் மீண்டும் விழுகிறார். தாலி இல்லையென்றாலும் தோல்வி. தாலி உண்டென்றாலும் தோல்வி. குண்டு வீசியவர் யப்பானியர். போரை நடத்தியவர் ஆங்கிலேயர். அதற்குத் தண்டம் இறுத்தவர் துறைமுகக் கூலியாள்.

மேலதிக சாட்சியம்

விண்ணப்பத்தில் முகாந்திரம் போதாது என்று ஆணையாளர் கருதினால், மூன்று மாதத்துக்குள் காரணங் காட்டும்படி அறிவித்தல் அனுப்பப்படும். அரசாங்க இலச்சினை பொறித்த அக் கடிதத்தை வாசிக்கத் தெரியாதவன் முதலில் அதை வாசித்துச் சொல்பவனைத் தேட வேண்டும். பின்னர் சாட்சியம் தேட வேண்டும். ஒருநாள் வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய கூலி இல்லை. தோட்டத்தில் இருந்த காலத்துக்குச் செக்ரோல் வேண்டும். அது தோட்டத் துரையின் கந்தோரில் இருக்கிறது. கூப்பன் புத்தகம், பிள்ளைகளின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், சமாதான நீதவான் முன் ஒப்பமிட்ட சத்தியக் கடதாசி, இவையே ஏழையின் ஆவணக் களஞ்சியம். ஒரு பத்திரத்தில் இருந்த பெயர் மற்றொன்றில் ஓர் எழுத்து மாறியிருந்தால், அதை விளக்க மூன்றாவது பத்திரம் வேண்டும்.

கொடுமையிற் கொடுமை யாதெனில், சில சான்றுகள் இருபுறமும் கூரான கத்தியாய் இருந்தன. ஊரிலுள்ள வயோதிபத் தாய்க்குப் பணம் அனுப்பியதற்கான பற்றுச்சீட்டு, அவன் இங்கிருந்து உழைத்தான் என்பதைக் காட்டியது. அதே பற்றுச்சீட்டு, அவன் மனம் இந்தியாவிலேயே உள்ளது என்று வாதிடவும் பயன்பட்டது. தாயைக் காப்பாற்றியவன் நாட்டுப் பற்றில்லாதவன் ஆனான். உயர் நீதிமன்றத்துக்கு மேன்முறையீடு செய்யும் உரிமை ஏட்டில் இருந்தது. கூலியாளுக்கு வழக்கறிஞரின் வாசற்படியே எட்டாத உயரத்தில் இருந்தது.

இங்கேதான் நாம் நம் கருத்தை வலியுறுத்த விழைகிறோம். 1881ஆம் ஆண்டின் நீதிமன்றம், பொய்யென்று நிரூபிக்கப்படும் வரை மக்களின் வாழ்க்கையை மெய்யென்று கொண்டது. 1949ஆம் ஆண்டின் கந்தோர், மெய்யென்று நிரூபிக்கப்படும் வரை அதைப் பொய்யென்று கொண்டது. மாறியது சட்டத்தின் சொற்கள் மட்டுமன்று. ஐயத்தின் திசையே மாறியது. சொத்து வழக்கிலே கணவன் மனைவியர் என்று ஏற்கப்படக் கூடிய இருவர், வாக்குரிமை என்று வந்தவுடன் அந்நியரானார்கள். உழைப்பாளியின் கையில் வாக்குச் சீட்டு இருப்பதைக் கண்டு ஆளும் வர்க்கம் அஞ்சியது என்பதே இதன் உட்பொருள்.

எண்ணிக்கை கூறுவது

ஏறத்தாழ 825,000 மக்களைக் குறித்து விண்ணப்பங்கள் வந்தன. பிரசாவுரிமை பெற்றவர்கள் ஏறத்தாழ 134,000 பேரே. எஞ்சியோர் நாடற்றவர் என்னும் புதிய சாதியாக்கப்பட்டனர். 1957 ஒக்டோபரில் ஆங்கிலேயர் திருகோணமலைத் தளத்தைக் கையளித்துச் சென்றனர். கொடி மாறியது, நாடற்ற உழைப்பாளியின் நிலை மாறவில்லை.

1964 ஒக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 மக்களைக் கணக்கில் எடுத்து, 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டு, 150,000 பேரைப் பின்னர் பார்ப்போம் என்று ஒதுக்கியது. 1974இல் அந்த 150,000 பேரும் பாதிக்குப் பாதியாகப் பிரிக்கப்பட்டனர். கணவனின் விண்ணப்பம் ஒரு நாட்டுக்கும் மனைவியினது மறு நாட்டுக்குமாய்ப் போன குடும்பங்களும் இருந்தன. விவாகத்துக்கு அவ்வளவு சாட்சியம் கேட்ட அரசுகள், அதைப் பிரிப்பதற்கு எச் சாட்சியமும் கேட்கவில்லை.

இவ்விடத்தில் நம்மவரின் தவற்றையும் மறைத்தல் ஆகாது. 1948இலும் 1949இலும் இடதுசாரிக் கட்சிகள் இச் சட்டங்களைப் பாராளுமன்றத்தில் எதிர்த்து நின்றன; அது பெருமைக்குரியது. ஆனால் 1964 ஒப்பந்தம் கையெழுத்தானபோது லங்கா சமசமாஜக் கட்சி அதே அரசாங்கத்தில் அங்கம் வகித்தது. வர்க்க ஒற்றுமையைப் பேசிய இயக்கம், உழைப்பாளரைத் தலைக்கணக்கில் பங்கிட்ட வேளையில் உரத்துப் பேசத் தவறியதை வரலாறு குறித்து வைத்திருக்கிறது.

இன்றும் தொடரும் கேள்வி

இது பழங்கதை என்று எண்ணுவோர் இன்றைய திருகோணமலையை நோக்குக. 1983க்குப் பின் தமிழகத்து முகாம்களிலே தஞ்சம் புகுந்து, போர் முடிந்த 2009க்குப் பின் இம் மாவட்டத்துக்குத் திரும்பிய குடும்பங்கள் பல. முகாமில் மணம் முடித்தோர் உண்டு. முகாமிற் பிறந்த பிள்ளைகள் உண்டு. வெளிநாட்டிற் பிறந்த பிள்ளையை இலங்கைப் பிரசையாகப் பதிவு செய்ய வேண்டும். அதற்குப் பெற்றோரின் விவாகம் முதற் கேள்வியாகிறது. தாயின் வழியாகவும் பிரசாவுரிமை இறங்கும் என்று சட்டம் ஏற்றுக் கொண்டதே 2003ஆம் ஆண்டிற்றான். போரிலும், 2004 டிசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலையிலும் பத்திரங்களை இழந்தவர்களிடம் அதே பத்திரங்கள் கேட்கப்படுகின்றன.

கடல் கடந்து சென்றோர் நிலையும் வேறன்று. 1979 சனவரியில் இலண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில், மணம் முடிக்க வந்த இந்தியப் பெண்ணொருவரைக் கன்னித்தன்மைப் பரிசோதனைக்கு உட்படுத்தியது பிரித்தானியக் குடிவரவு. தம் விவாகத்தின் முதன்மை நோக்கம் குடியேற்றம் அன்று என்பதை விண்ணப்பகாரரே நிரூபிக்க வேண்டும் என்ற விதி அங்கு 1997 வரை நிலவியது. இன்றும் கனடாவுக்கோ பிரித்தானியாவுக்கோ துணையை அழைப்போர் திருமணப் படங்களும் கடிதங்களும் தொலைபேசிக் கணக்குகளும் திரட்டுகின்றனர். பெரிய மண்டபத்தில் ஐந்நூறு பேர் கூடிய விவாகத்துக்குப் படத்தொகுப்பே சாட்சி சொல்லும். பத்துப் பேரோடு பதிவாளர் முன் முடிந்த ஏழையின் விவாகமோ ஐயத்துக்குள்ளாகிறது. அன்பை அளக்கும் கோல் செலவுக் கணக்கு ஆகி விட்டது.

போலி விவாகங்கள் இல்லையா என்று சிலர் வினவலாம். உண்டு. ஆனால் அதைக் கண்டுபிடிக்கும் சுமை அரசினுடையது. சிலரின் பொய்க்காகப் பலரின் மெய்யைக் கூண்டில் ஏற்றுவது நீதியன்று. அரசு விரும்பினால் மக்களை நம்ப இயலும் என்பதற்கும் சான்று உண்டு. 2003இல், 1964 ஒக்டோபர் 30 தொட்டு இந்நாட்டில் நிலையாக வதிந்த இந்திய வமிசாவளியினருக்கும் அவர் சந்ததியினருக்கும் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் நிறைவேறியது. அவ்வாண்டு டிசெம்பரில் நடந்த இயக்கத்தில் பத்தே நாட்களில் ஏறத்தாழ 190,000 பேர் பிரசாவுரிமை பெற்றனர். அரை நூற்றாண்டாக இயலாது எனப்பட்டது பத்து நாளில் இயன்றது. அம்மக்கள் புதிய சாட்சியம் எதையும் கண்டெடுக்கவில்லை. ஐயத்தின் திசைதான் மாறியது.

இக் கட்டுரையைப் படிக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. இடையறாத வதிவை நிறுவ ஏழைக் குடும்பத்துக்கு உதவக் கூடிய சான்றுகளில் ஒன்று உங்கள் மேசையில் இருக்கிறது. பாடசாலைச் சேர்வு இடாப்பில் நீங்கள் எழுதும் பெயரும் பிறந்த தேதியும் பெற்றோர் பெயரும் நாளை ஒரு குடும்பத்தின் நாடாகலாம். எழுத்துப் பிழையின்றி அதை எழுதுங்கள். மாணவர்கள் தம் அயல்வீட்டுப் பெரியோரின் விவாகம் பதிவாகியுள்ளதா என்று கேட்டறிந்து, கச்சேரிக்கு அவர்களோடு துணை போகட்டும். சட்டத்தின் ஐயத்தை மாற்றும் போராட்டம் நீண்டது. அது வெல்லும் வரை, ஏழையின் பெயர் இடாப்பில் சரியாக ஏறுவதும் அப் போராட்டத்தின் ஒரு பகுதியே ஆகும்.