பச்சைச் சூரியன்

கிள்ளான் பள்ளத்தாக்கில் வளர்ந்தவர்களுக்குச் சிவப்புச் சூரியன் புதுசு இல்லை. சுமத்ராவில் காடு எரிந்தால் பிரிக்பீல்ட்ஸ் வரை புகைமூட்டம்தான். சூரியன் செம்புத் தட்டு மாதிரி தொங்கும். ஆனால் பச்சைச் சூரியன்?

1883 செப்டம்பரில் சென்னையிலும் இலங்கையிலும் அதைப் பார்த்தார்கள். ஆகஸ்ட் 27 அன்று கிரக்காத்தாவ் வெடித்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. (இங்கே கோலாலம்பூரில் ஸ்வெட்டன்ஹாம் அத்தாப்புக் கூரைகளை எடுத்துவிட்டுச் செங்கல்லில் கட்டச் சொன்ன காலம் அது. பிரிக்பீல்ட்ஸ் என்ற பெயரே அந்தச் சூளைகளால் வந்ததுதான்.)

சென்னை கிறித்துவக் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியராக இருந்த மிக்கி ஸ்மித், பிறகு கொடைக்கானல் வானாய்வகத்தின் முதல் இயக்குநர் ஆனவர், நிறமாலைமானியைச் சூரியன் பக்கம் திருப்பினார். சிவப்பு ஒளி வெகுவாகக் குறைந்திருந்தது. நீராவிக்குரிய பட்டையும் அழுத்தமாகத் தெரிந்தது. ஆகவே காரணம் நீராவி என்றார். இன்று ஏற்கப்படும் விளக்கம் வேறு: ஒளியின் அலைநீளத்தைவிடச் சற்றே பெரிய, ஏறக்குறைய ஒரே அளவுள்ள எரிமலைத் துகள்கள் பச்சையையும் நீலத்தையும்விடச் சிவப்பை அதிகமாகச் சிதறடித்திருக்கின்றன. நம்ம ஊர்ப் புகைத்துகள்கள் அதைவிடச் சிறியவை, அதனால் சிவப்பு.

மனிதர் அளந்ததில் குறையில்லை. அதற்கு வைத்த பெயரில்தான் சிக்கல்.

துணைக்கோள் வந்ததும் இந்தச் சிக்கல் தீர்ந்துவிட்டது என்று பேசுபவர்களை எனக்குப் பிடிக்காது. 1978இல் ஏவப்பட்ட நிம்பஸ்-7இல் இருந்த டாம்ஸ் கருவி ஓசோனை அளக்கச் செய்தது. 1982இல் மெக்சிகோவில் எல் சிச்சோன் வெடித்தபோது அந்தப் பகுதியில் ஓசோன் எக்கச்சக்கமாகக் கூடியதுபோல் காட்டியது. ஓசோனா? இல்லை, கந்தக டை-ஆக்சைடு. இரண்டும் புற ஊதாக் கதிரை ஏறத்தாழ ஒரே அலைநீளங்களில் உறிஞ்சுகின்றன. ஆர்லின் குரூகர் இதைப் பிரித்துக் காட்டிய பிறகுதான் எரிமலை வாயுவை விண்ணிலிருந்து அளக்கும் வேலையே தொடங்கியது. 1991இல் பினாத்துபோ வெடித்தபோது அதே கருவி சுமார் 2 கோடி டன் கந்தக டை-ஆக்சைடைக் கணக்கெடுத்தது. அது கந்தக அமிலத் துளிகளாக மாறி வெயிலை மறைக்க, மறுவருடம் பூமி சுமார் அரை டிகிரி குளிர்ந்தது.

எரிமலை என்றால் கந்தகம், கந்தகம் என்றால் குளிர்ச்சி. இப்படித்தான் மனசில் பதிந்திருந்தது. 2022 ஜனவரி 15 அன்று தொங்காவில் கடலுக்கடியில் இருந்த எரிமலை வெடித்தது. கந்தகம் கொஞ்சம்தான். ஆரா துணைக்கோள் அளந்தது வேறொன்றை: அடுக்குமண்டலத்தில் ஏற்கெனவே இருந்ததில் பத்தில் ஒரு பங்கு, சுமார் 15 கோடி டன், புதிதாக ஏறியிருந்தது. நீராவி.