நூலகக் கூட்ட அறையும் சம உரிமையும்

பொது நூலகத்தின் கூட்ட அறையை, நூலகம் மூடிய பின்னர் யார் பயன்படுத்தலாம் என்னும் வினா சிறியதாகத் தோன்றலாம். பகலெல்லாம் உழைத்து, விளக்கு வைத்த பின்னரே ஒன்றுகூட இயலும் மக்களுக்கு அது சிறிய வினா அன்று. இதனை எழுத்து வடிவ விதியாக்கித் தீர்க்க முயன்ற நாடுகளுள் அமெரிக்கா ஒன்று. அங்கு நடந்தவற்றை நம் இளைஞர்கள் அறிந்திருத்தல் நலம் எனக் கருதுகிறோம்.

1936ஆம் ஆண்டில் அமெரிக்க நூலகச் சங்கத்தின் மாநாடு வர்ஜீனியா மாநிலத்து ரிச்மண்ட் நகரில் கூடியது. கறுப்பின நூலகர்களும் அச்சங்கத்தின் உறுப்பினர்களே. ஆயினும் மண்டபத்தில் ஒதுக்கப்பட்ட தனிப்பகுதியில்தான் அவர்கள் அமர வேண்டியிருந்தது; உணவுடன் கூடிய கூட்டங்களில் அவர்களுக்கு இடமே இல்லை. பந்தி வேறுபாடு இன்னதென்று நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. கண்டனம் எழுந்தது. மாநாட்டிற்கென ஒதுக்கப்படும் அறைகளில் உறுப்பினர் அனைவரும் முழுச் சமத்துவத்துடன் அனுமதிக்கப்பட வேண்டும் என்று அவ்வாண்டின் இறுதியிலேயே சங்கம் முடிவு செய்தது.

1939 ஜூன் மாதத்தில் அச்சங்கம் நூலக உரிமைப் பிரகடனத்தை ஏற்றது. நூலகக் கூட்ட அறைகள், கொள்கையும் சார்பும் பாராது, எல்லாக் குழுக்களுக்கும் சம நிபந்தனைகளில் கிடைக்க வேண்டும் என்பது அதன் ஒரு பகுதி. நல்ல விதிதான். ஆனால் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். நூலைத் தேர்ந்தெடுக்கும்போது ஆசிரியரின் இனத்தைப் பார்க்கலாகாது என்று கூறிய அப்பிரகடனம், வாசகரின் இனம் பற்றி வாய் திறக்கவில்லை!

இரண்டே மாதங்கள் கழித்து, ஆகஸ்ட் 21 அன்று, வர்ஜீனியாவின் அலெக்ஸாண்டிரியா நகர நூலகத்திற்குள் கறுப்பின இளைஞர் ஐவர் சென்றனர். உறுப்பினர் அட்டை கேட்டனர்; மறுக்கப்பட்டது. ஆளுக்கொரு நூலை எடுத்துக்கொண்டு, தனித்தனி மேசைகளில் அமர்ந்து அமைதியாகப் படித்தனர். காவலர் வந்து அவர்களைக் கைது செய்தனர். வழிகாட்டியவர் சாமுவேல் டக்கர் என்னும் இளம் வழக்கறிஞர். நகராட்சி செய்தது என்ன? 1940இல் கறுப்பின மக்களுக்கெனத் தனி நூலகம் ஒன்றைக் கட்டிக் கொடுத்தது. அதன் அட்டையை ஏற்க டக்கர் மறுத்துவிட்டார். தனிக் குவளையை மறுத்த நெஞ்சுரத்தோடு இதனை ஒப்பிடலாம்.

நூலகத்தைப் பயன்படுத்தும் உரிமை இனம் காரணமாக மறுக்கப்படலாகாது என்னும் வாசகம் பிரகடனத்தில் சேர 1961 வரை காத்திருக்க நேர்ந்தது. அதன் பின்னும் 1964இல் லூயிசியானாவின் கிளிண்டன் ஊர் நூலகத்தில் ஐவர் கைதாயினர். 1966இல் உச்ச நீதிமன்றம் அவர்களுடைய தண்டனையை நீக்கியது.

கூட்ட அறை பற்றிய விளக்கம் 1991இல் தனியே வகுக்கப்பட்டது. நேரம், இடம், பயன்படுத்தும் முறை ஆகியவற்றிற்கு நூலகம் வரம்பு கட்டலாம். கூட்டத்தின் பொருளுக்கும் கூட்டுவோரின் கொள்கைக்கும் வரம்பு கட்டலாகாது என்பது அதன் சாரம். 2018 ஜூனில் அவ்விளக்கத்தைத் திருத்தி, வெறுப்பு பரப்பும் குழுக்களையும் வெளிப்படையாகக் குறித்தபோது பெரும் எதிர்ப்பு எழுந்தது. ஆகஸ்டிலேயே அத்திருத்தம் திரும்பப் பெறப்பட்டு, 2019 ஜனவரியில் வேறு வாசகம் ஏற்கப்பட்டது. நம்மைப் பழிப்போருக்கும் அதே அறையா என்பதில் எம்மிடையே இன்றும் இரு கருத்துகள் உண்டு.

நம் மாநிலத்திலும் இதற்கு அடித்தளம் இல்லாமல் இல்லை. பொதுச் சாலை, கிணறு, அலுவலகம் ஆகியன அனைவருக்கும் உரியன என்னும் தீர்மானத்தை 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்தவர் இரட்டைமலை சீனிவாசன். 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம், சொத்துவரியோடு நூலக வரியும் பெற வழிசெய்தது. நம் வீட்டு வரியிலும் அது சேர்ந்தே செல்கிறது.

ஆகவே கூட்ட அறை கேட்டு விண்ணப்பிக்கும் நம் மன்றங்கள் சிலவற்றை உற்றுநோக்க வேண்டும். மாலை நேரத்திற்கான கட்டணமும் காவலாளியின் கூலியும் எல்லா மன்றங்களுக்கும் ஒன்றுதானா? ஊர்ப் பெரியவர் இருவரின் பரிந்துரை வேண்டும் என்னும் நிபந்தனை உண்டா? உண்டெனில், அப்பரிந்துரை நமக்கு எளிதில் கிட்டுமா? மறுப்பை வாய்மொழியாகக் கூறாது எழுதித் தருகின்றனரா? விதிகள் அறைக் கதவருகே எல்லோரும் படிக்கும்படி ஒட்டப்பட்டுள்ளனவா? சாவியைப் பெறுவதும் திருப்பித் தருவதும் பதிவேட்டில் ஏறுகின்றனவா?