டிக்கெட் கவுண்டர் இல்லாத பள்ளத்தாக்கு

நம் குடியிருப்பிலிருந்து தேனிப் பக்கம் சுற்றுலா போய் வருகிறவர்கள் திரும்பத் திரும்ப மூன்று இடங்களைத்தான் சொல்கிறார்கள்: சுருளி அருவி, மேகமலை, சாலையோரத் திராட்சைத் தோட்டம். போன மாதம் நம் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர், "அருவியை விட்டால் அங்கே கோட்டை, மியூசியம் என்று பிள்ளைகளுக்குக் காட்ட ஏதாவது உண்டா? டிக்கெட் எவ்வளவு ஆகும்?" என்று கேட்டிருந்தார். எனக்குச் சொந்த ஊர் சுருளிப்பட்டி. பதில் எழுத உட்கார்ந்தேன், வாட்ஸ்அப்பில் அடங்கவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

காட்ட நிறைய உண்டு. டிக்கெட் கிடையாது. ஆனால் முப்பத்தைந்து வருடம் வங்கியில் லெட்ஜர் எழுதியவனுக்கு "இலவசம்" என்று கேட்டால் அடுத்த கேள்வி தானாக வந்துவிடும்: பற்று எந்தக் கணக்கில்? யாரோ ஒருவர் கொடுத்திருந்தால்தானே நமக்கு இலவசம்.

உத்தமபாளையத்திலிருந்து தொடங்குங்கள். சுருளிப்பட்டியிலிருந்து கம்பம் வந்து, தேனி பஸ்ஸில் ஏறினால் சிறிது நேரத்தில் போய்விடலாம். ஊரை ஒட்டி ஒரு பாறைக்குன்று இருக்கிறது. ஊரார் கருப்பண்ணசாமி பாறை என்பார்கள்; கல்வெட்டில் அதன் பெயர் திருக்குணகிரி. பாறையின் முகத்தில் சமணத் தீர்த்தங்கரர்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். தலைக்கு மேல் முக்குடை இருக்கும். பாம்பு படமெடுத்துக் குடை பிடிப்பவர் பார்சுவநாதர். பிள்ளைகள் உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள். அருகே வட்டெழுத்துகள். வயது ஏறக்குறைய 1,100 ஆண்டுகள். உருவங்களைச் செய்வித்தவர்களில் ஒருவர் அச்சணந்தி என்ற துறவி. மதுரையைச் சுற்றியுள்ள பல குன்றுகளிலும் இவர் பெயர் இருக்கிறது. மதுரை சமணர்மலையில் இவருடைய தாயார் குணமதியார் செய்வித்த உருவம் ஒன்றுகூட உண்டு. மகன் துறவியான பிறகும் தாய், மகன் பேரோடு சேர்த்தே தன் பேரை வெட்டச் சொல்லியிருக்கிறார்.

சில வருடங்களுக்கு முன் அங்கே போயிருந்தபோது, பக்கத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மாவிடம், வெளியூர்க்காரர்கள் வந்தால் காசு ஏதும் வாங்குகிறார்களா என்று கேட்டேன். "இங்க யாருங்கய்யா டிக்கெட் குடுக்குறது, சாமியா?" என்றார்.

அதே திருக்குணகிரியில், அந்த மலைத் தேவருக்கு விளக்கெரிக்கக் காசு கொடுத்த செய்தியும் கல்வெட்டாக இருக்கிறது. இந்த மாதிரிக் கொடைகளைச் சாதாரணமாக "தர்மம்" என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். வங்கிக்காரன் கண்ணுக்கு அது டெபாசிட். பாண்டியர் காலக் கல்வெட்டுகளில் இதற்கு நல்ல உதாரணம் அம்பாசமுத்திரத்தில் கிடைத்தது. வரகுண மகாராசன் இளங்கோக்குடிச் சபையாரிடம் 290 காசு கொடுக்கிறான். நிபந்தனை: முதல் குறையக் கூடாது. ஒரு காசுக்கு ஆண்டுக்கு இரண்டு கலம் நெல் வட்டி. ஆக ஆண்டுக்கு 580 கலம். அதைக் கொண்டு கோயிலில் வழிபாடு நடக்க வேண்டும். கூட்டல் பெருக்கலில் ஒரு பிழை இல்லை. வட்டிக்குக் கல்வெட்டுத் தமிழில் "பொலிசை" என்று ஒரு சொல் உண்டு. நம் கிளைகளில் அந்தச் சொல்லை விட்டுவிட்டோமே என்று எனக்கு வருத்தம்தான். காசு இல்லாதவர்கள் ஆடு கொடுத்தார்கள். கிழடும் சாவும் போகப் புதுக்குட்டிகளால் எண்ணிக்கை குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதால் அதற்கு "சாவா மூவாப் பேராடு" என்று பெயர். இன்றைய எஃப்.டி.யைவிட உறுதியான பெயர்.

இதன் பலன் என்ன? வழியில் வந்தவன் விளக்கு வெளிச்சத்தில் வணங்கிவிட்டுப் போனான். அவனிடம் யாரும் கட்டணம் கேட்கவில்லை. முன்பே ஒருவர் கட்டியாகிவிட்டது.

மகன், மகள் வீட்டுக்கு அமெரிக்கா போய் வந்தவர்கள் நம் குடியிருப்பில் பலர். வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகங்களைக் காசு கொடுக்காமல் பார்த்திருப்பீர்கள். அங்கேயும் இதே கதைதான். ஜேம்ஸ் ஸ்மித்சன் என்ற ஆங்கிலேயர், தான் கால் வைத்தே பார்க்காத அமெரிக்காவுக்குச் சொத்தை எழுதிவைத்தார். மதிப்பு சுமார் 5 லட்சம் டாலர். 1846-இல் அமெரிக்க நாடாளுமன்றம் அந்தத் தொகையை அரசுக் கருவூலத்தில் 6 சதவீத வட்டிக்கு வைத்து நிறுவனத்தைத் தொடங்கியது. இளங்கோக்குடிச் சபை செய்ததும் அதுதான், ஆயிரம் வருடம் முன்னால். லண்டன் பிரிட்டிஷ் மியூசியம் கொஞ்சம் வேறு வகை: 1753-இல் லாட்டரிச் சீட்டு விற்ற பணத்தில் தொடங்கியது. 1759-இல் இலவசமாகத் திறந்தார்கள்.

இனி நம் நாட்டுக் கணக்கு. இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் சுமார் 3,700 சின்னங்கள் இருக்கின்றன. கட்டணம் வாங்குவது 150-க்கும் குறைவான இடங்களில்தான். மாமல்லபுரத்தில் இந்தியருக்கு 40 ரூபாய். திண்டுக்கல் கோட்டை, சித்தன்னவாசல் போன்றவற்றில் 25 ரூபாய். ஆன்லைனில் வாங்கினால் ஐந்து ரூபாய் குறைவு. 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குக் கட்டணமே கிடையாது. இதைத் தெரியாமல் குழந்தைக்கும் டிக்கெட் கேட்டு நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஏப்ரல் 18, உலக மரபுச் சின்னங்கள் நாள். சில ஆண்டுகளாக அன்று எல்லோருக்கும் இலவசம் என்று அறிவிக்கிறார்கள்.

ஆகவே நம் நாட்டில் பழைய இடங்களை இலவசமாகப் பார்ப்பதற்குத் தந்திரம் எதுவும் தேவையில்லை. பெரும்பாலானவை இலவசம்தான். சிக்கல் அங்கேதான் இருக்கிறது. டிக்கெட் இருக்கும் இடத்தில் வேலி இருக்கிறது, காவலாளி இருக்கிறார், கழிப்பறைகூட இருக்கிறது. டிக்கெட் இல்லாத இடத்தில் அன்றைய விளக்குக் காசும் இல்லை, இன்றைய கவுண்டரும் இல்லை. ஆயிரம் வருடம் வெயிலும் மழையும் செய்யாததை ஓர் ஆணியும் ஒரு பெயிண்ட் டப்பாவும் ஒரு மாலையில் செய்துவிடும். மத்திய அரசின் பாதுகாப்பிலுள்ள சின்னத்தைச் சேதப்படுத்தினால் இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று 2010-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். ஆனால் ஆளில்லாத பாறையில் யார் பிடிப்பது? தலைக்கு ஐந்து ரூபாய் வாங்கி ஒரு காவலாளியை வைத்தால் நான் சந்தோஷமாகக் கொடுப்பேன். "சாமியைப் பார்க்கக் காசா?" என்று என்னிடம் சண்டைக்கு வந்த நண்பர்கள் உண்டு. அவர்கள் கட்சியிலும் நியாயம் இருக்கிறது. ஆடு மேய்க்கும் அந்த அம்மாவிடம் ஐந்து ரூபாய் கேட்க முடியாது.

ஒரு பழம்பொருளைக் காப்பாற்ற இன்னொரு வழி, அதை எடுத்துக்கொண்டு போய்விடுவது. ஆண்டிபட்டி வட்டம் புலிமான்கோம்பையில், வைகைக் கரையோரம், 2006-இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கா. ராஜன் குழுவினர் மூன்று நடுகற்களைக் கண்டுபிடித்தார்கள். அவற்றில் இருந்தது தமிழ் பிராமி எழுத்து. எழுத்துள்ள நடுகற்களில் இந்தியாவிலேயே மிகப் பழையவை என்று கருதப்படுபவை. இரண்டாயிரம் வருடத்துக்கு மேற்பட்டவை. ஒரு கல், கூடலூரில் நடந்த ஆநிரை கவர்தலில் இறந்த தீயன் அந்தவன் என்பவனுக்காக எடுத்தது. அந்தக் கூடலூர் நம் கம்பத்துக்குப் பக்கத்துக் கூடலூரே என்று கருதுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படியானால் எங்கள் ஊர் மாட்டுத் தகராறுக்கு இரண்டாயிரம் வருட ஆவணம் இருக்கிறது. அதைப் பார்க்கத்தான் எங்கள் ஊர்க்காரன் தஞ்சாவூருக்குப் போக வேண்டும். கல் இப்போது பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. எடுத்துப் போனது தவறு என்று சொல்ல மாட்டேன். வயலோரம் கிடந்தால் துவைக்கிற கல்லாகியிருக்கும். ஆனால் தஞ்சை போகும் பஸ் செலவைக் கணக்கில் சேர்த்தால், சுருளிப்பட்டிப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு அது இலவசம் ஆகாது.

சின்னமனூர்ச் செப்பேடுகளும் அப்படித்தான், ஊரில் இல்லை. பாண்டியர் காலத்தவை. பாண்டியர்கள் மகாபாரதத்தைத் தமிழில் செய்வித்ததும் மதுரையில் சங்கம் வைத்ததும் பெரிய சின்னமனூர்ச் செப்பேட்டில் சொல்லப்படுகின்றன. முழு வாசகம் "தென்னிந்தியக் கல்வெட்டுகள்" மூன்றாம் தொகுதியில் அச்சாகியிருக்கிறது. அந்தத் தொகுதி இணையத்தில் கிடைக்கிறது, வீட்டிலிருந்தே படிக்கலாம். படித்துவிட்டுச் சின்னமனூரில் முல்லைப் பெரியாற்றங்கரைக் கோயிலுக்குப் போய் நின்றால் ஊரே வேறு மாதிரி தெரியும்.

பள்ளத்தாக்கில் ஆண்டுக்கு ஒரே நாள் மட்டும் திறக்கும் பழங்கோயில் ஒன்று உண்டு. கூடலூருக்கு மேலே மலையுச்சியில் மங்கலதேவி கண்ணகி கோயில். சுவர்கள் சரிந்த கற்கோயில். தமிழகக் கேரள எல்லையில், பெரியாறு புலிகள் காப்பகத்தை ஒட்டி இருக்கிறது. சிலப்பதிகாரக் கண்ணகிக்குச் சேரன் எடுத்த கோயில் இதுவே என்று 1960-களில் பேராசிரியர் சி. கோவிந்தராசனார், கண்ணகி போன வழியிலேயே நடந்து தேடி வந்து சொன்னார். சித்ரா பௌர்ணமியன்று மட்டும் இரு மாநில அதிகாரிகளும் சேர்ந்து மக்களை அனுமதிக்கிறார்கள். லோயர் கேம்ப் பக்கம் பளியங்குடியிலிருந்து நடந்தால் ஆறு கிலோமீட்டருக்கு மேல் ஏற்றம், செலவில்லை. முடியாதவர்கள் குமுளியிலிருந்து ஜீப்பில் போகலாம். நுழைவுக் கட்டணம் இல்லை. பிளாஸ்டிக் பாட்டிலை மட்டும் கீழேயே வாங்கிக்கொள்வார்கள். வருடத்தில் 364 நாள் மூடியிருப்பதால்தான் அந்தக் கற்கள் இன்னும் இந்த அளவுக்காவது நிற்கின்றன என்பது என் எண்ணம். ஊரில் இதைச் சொன்னால் பலருக்குப் பிடிக்காது.

இறங்கும்போது லோயர் கேம்பில் பென்னிகுயிக் மணிமண்டபத்தைப் பாருங்கள். 2013 ஜனவரி 15, அவர் பிறந்தநாளில் திறந்தது. சொத்தை விற்று அணை கட்டினார் என்று ஊரில் சொல்வது செவிவழிக் கதை. ஏட்டில் இருக்கும் கணக்கு வேறு: 1886 அக்டோபர் 29-இல் திருவிதாங்கூரோடு 999 ஆண்டுக் குத்தகை, 8,000 ஏக்கர், ஏக்கருக்கு ஆண்டு வாடகை ஐந்து ரூபாய், ஆக 40,000. 1970-இல் ஏக்கருக்கு 30 ரூபாய் ஆனது. 1895-இல் தண்ணீர் வந்தது. பாலார்பட்டியில் இன்றும் அவருக்குப் பொங்கல் வைக்கிறார்கள்.

திரும்பும் வழியில் மதுரையில் அரை நாள் ஒதுக்க முடிந்தால் காந்தி மியூசியம் போங்கள். ராணி மங்கம்மாள் அரண்மனைக் கட்டடம், 1959-இல் நேரு திறந்துவைத்தது. சுடப்பட்டபோது காந்தி உடுத்தியிருந்த ரத்தக் கறை படிந்த துணி அங்கே இருக்கிறது. கட்டணம் இல்லை. கீழடி அருங்காட்சியகத்தில் 2023 ஏப்ரலிலிருந்து பெரியவர்களுக்கு 15 ரூபாய் வாங்குகிறார்கள். பேரம் பேசாமல் கொடுத்துவிடுங்கள், ஒரு டீ விலைதான்.

உத்தமபாளையம் போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். காலை ஒன்பது மணிக்குள் போய்விடுங்கள். சாய்ந்த வெயிலில்தான் வட்டெழுத்து கண்ணுக்குத் தெரியும், உச்சி வெயிலில் பாறை வெறும் பாறையாகிவிடும். எழுத்து தெரிவதற்காகச் சுண்ணாம்போ மாவோ தடவ வேண்டாம். போட்டோ எடுத்துத் தேதியோடு வைத்திருங்கள். அடுத்த முறை போகும்போது ஒப்பிட்டுப் பார்த்து, புதிதாகக் கீறலோ பெயிண்டோ தெரிந்தால் இரண்டு படங்களையும் இணைத்துத் தொல்லியல் துறைக்கும் வட்டாட்சியருக்கும் ஒரு மனு அனுப்புங்கள். மனு எழுதத் தெரியாவிட்டால் என் வீட்டுக் கதவைத் தட்டுங்கள், மாலை ஐந்து மணிக்கு மேல் இருப்பேன்.